கடல்கொண்ட நகரும் மணிமேகலையின் கண்ணீரும்

உலகம் அழிந்தபின் காதல் என்னவாகும் என்னும் வினா இக்காலப் புனைகதைக்கே உரியதன்று. சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலையிலும் அதனை நாம் காண்கிறோம். உ. வே. சாமிநாதையர் 1898இல் பதிப்பித்த இக்காப்பியத்தைத் துறவுநூல் என்று மட்டும் கொள்வது பொருந்தாது.

உதயகுமரன் வாளால் வெட்டுண்டபோது மணிமேகலை கதறி அவனுடலை நெருங்குகிறாள். கந்திற்பாவை அவளைத் தடுத்து, இது முன்வினைப்பயன் என விளக்குகிறது. பின்னர்ப் புகாரைக் கடல் கொள்கிறது. பசியால் வாடிய காஞ்சியில் அவள் அமுதசுரபி ஏந்தி நிற்கிறாள். ஒருவனுக்கு மறுக்கப்பட்ட அன்பு பலருக்கு உணவாகிறது. காப்பியத்தின் சிறப்பு இதுவே.

எனினும் ஒரு குறையைச் சுட்டாதிருக்க இயலாது. அவளுடைய அழுகைக்கு விடை மிக விரைவில் வந்துவிடுகிறது. யோபுவின் நண்பர்களும் ஏழுநாள் வாய்திறவாது உடனிருந்தவரை நல்ல நண்பர்களே. விளக்கம் கூறத் தொடங்கியபின்னரே பிழைபட்டனர். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை புகுந்த மாமல்லபுரக் கரையோரம் ஊழியஞ்செய்வோர் இதனைச் சிந்திப்பாராக. ‘தேவசித்தம்’ என்னும் சொல் கண்ணீரை முந்தலாகாது. முதலில் உடனழுவோம், பின்பு அமுதசுரபியை ஏந்துவோம்.