பெயரில்லாப் பகைவர்

ஓசூரிலிருந்து இராயக்கோட்டை செல்லும் சாலையில் உள்ள உத்தனப்பள்ளி, ராகியும் காய்கறியும் விளைந்த ஊர். இன்று அதன் சுற்றுப்புறத்தில், உலகெங்கும் விலைபோகும் ஐபோனின் மேற்கூடுகள் ஆயிரக்கணக்கான கைகளால் உருவாகின்றன. அவ்வட்டாரத்து முஸ்லிம் குடும்பங்களில் பலவும் வீட்டிலே தக்னி உருதுவும், கடைத்தெருவிலே தெலுங்கும் கன்னடமும், பள்ளிக்கூடத்திலே தமிழும் பேசுபவை. ஷிப்ட் முடிந்து திரும்பும் இளைஞர்கள் உறங்குவதற்கு முன் கைப்பேசியில் ஒரு போர் ஆடி முடிக்கிறார்கள். கண் கெடும் என்றும், ஃபஜ்ருத் தொழுகைக்கு விழிப்பு வராது என்றும் தாய்மார்கள் கடிந்துகொள்கிறார்கள். அவர்கள் கவலை நியாயமானதே. ஆயினும் அந்தச் சிறு திரைக்குள் என்ன கதை நடக்கிறது, அதில் யார் யாரைக் கொல்கிறார் என்று கேட்பார் நம்மிடையே அரியர்.

நாவலுக்கு மதிப்புரை எழுதுகிறோம். திரைப்படத்தை அக்குவேறு ஆணிவேறாக அலசுகிறோம். நாற்பது கோடிக்கும் மேற்பட்ட பிரதிகள் விற்றிருக்கும் ‘கால் ஆஃப் டூட்டி’ என்னும் போர் விளையாட்டு வரிசையை இலக்கிய அன்பர்கள் சிறுபிள்ளை விளையாட்டென ஒதுக்கிவிட்டனர். 2003-இல் இரண்டாம் உலகப் போரைக் களமாகக் கொண்டு தொடங்கி, அநேகமாக ஆண்டுக்கு ஒரு பாகமாக வந்துகொண்டிருக்கும் இத்தொடரை ஆராய இரண்டு வழிகள் உண்டு. விளையாட்டையே ஆராயலாம். புதிய பாகம் வரும்போது ரசிகர்கள் எதற்காக மகிழ்கிறார்கள், எதற்காகச் சினக்கிறார்கள் என்பதையும் ஆராயலாம். இரண்டாவது வழியே ஆழமானது. ஒரு படைப்பின் உள்ளம் படைத்தவன் சொல்வதைவிடச் சுவைப்பவன் முணுமுணுப்பில் அதிகம் வெளிப்படும்.

இந்த ரசிகர்கள் ஏமாளிகள் அல்லர். 2016 மே மாதம் ‘இன்ஃபினிட் வார்ஃபேர்’ என்னும் பாகத்தின் முன்னோட்டம் வெளியானபோது, போரை விண்வெளிக்குக் கொண்டுபோய்விட்டார்களே என்று பொங்கினார்கள். முப்பது லட்சத்திற்கும் மேற்பட்டோர் ‘பிடிக்கவில்லை’ என்று பதிவு செய்தனர். மண்ணில் கால் பதித்து நடக்கும் போரே வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. 2023 நவம்பர் 10-இல் ‘மாடர்ன் வார்ஃபேர் 3’ வந்தபோது கதைப் பகுதி ஒரு மாலைப் பொழுதிலேயே முடிந்துவிடுகிறது, கொடுத்த காசுக்கு ஈடில்லை என்றார்கள். 2025 நவம்பர் 14-இல் ‘பிளாக் ஆப்ஸ் 7’ வெளியானது. கைவினைஞர் வரைய வேண்டிய படங்களைச் செயற்கை அறிவைக் கொண்டு வரைந்திருக்கிறார்கள் என்றும், தனியாக ஆடினாலும் இணையத் தொடர்பு அறுந்தால் கதை நின்றுபோகிறது என்றும் குற்றம் சாட்டி, அடிமட்ட மதிப்பெண்களை அள்ளி வீசினார்கள். துப்பாக்கி அதிரும்போது தோள் எவ்வளவு பின்வாங்க வேண்டும், வெற்றுக் குண்டுக்கூடு எந்தத் தரையில் எந்த ஒலியோடு விழ வேண்டும் என்பது வரை அறிந்தவர்கள் இவர்கள். நம் கவியரங்குகளில் கைதட்டுவோர்க்கு இதில் பாதி செவிக்கூர்மை இருந்திருந்தால் பல கவிஞர்கள் பிழைத்திருக்க மாட்டார்கள்!

நம் நாட்டிலும் இதன் நிழல் விழுந்தது. 2020 ஜூன் 15 இரவு கல்வான் பள்ளத்தாக்கில் இந்திய வீரர்கள் இருபது பேர் உயிர் நீத்தனர். துப்பாக்கி வெடிக்காத மோதல் அது. கல்லும் கட்டையும் கைகளுமே ஆயுதங்கள். அந்தச் செப்டம்பரில் ‘பப்ஜி’ தடைசெய்யப்பட்டு இரண்டு நாள் கழித்து அறிவிக்கப்பட்ட ‘ஃபௌஜி’ என்னும் இந்திய விளையாட்டு, 2021 குடியரசு நாளன்று வெளியானபோது கல்வானையே களமாகக் கொண்டிருந்தது. நிகழ்ந்தபடியே கையாலும் கட்டையாலும் அடித்துக்கொள்ள விட்டிருந்தார்கள். வரவேற்பு சில நாட்களிலேயே சரிந்தது. விளையாட்டு மிகச் சிறியது, ஆட்டம் அலுப்பூட்டுகிறது என்ற குறைகளில் உண்மை உண்டு. ஆனால் உரத்து ஒலித்த குறை, துப்பாக்கி எங்கே என்பதுதான். உண்மைப் போரில் இல்லாத துப்பாக்கி விளையாட்டுப் போரில் இல்லாதது குற்றமாயிற்று. 2025 ஜனவரி 30-இல் வந்த அடுத்த படைப்பான ‘ஃபௌஜி: டாமினேஷன்’, ஐவர்க்கு ஐவர் துப்பாக்கி ஏந்தி மோதும் ஆட்டமாக வந்தது. கல்வானின் கல்லும் கட்டையும் போன இடம் தெரியவில்லை.

ஆக, ரசிகன் கேட்டால் கிடைக்கிறது. அப்படியானால் அவன் எதைக் கேட்கவே இல்லை என்பதுதான் ஈண்டு நம் வினா.

2007-இல் வந்த நான்காம் பாகம் இத்தொடரை இரண்டாம் உலகப் போரிலிருந்து நம் காலத்திற்கு இழுத்து வந்தது. இன்றளவும் ரசிகர்கள் தலைமேல் வைத்துக் கொண்டாடும் பாகம் அது. அதன் பாதிக் கதை அரபு நாடு ஒன்றில் நிகழ்கிறது. எந்த நாடு? பெயரில்லை. அதை ஆளும் கொடியவனுக்குப் பெயர் உண்டு. அவன் நாட்டுக்கு இல்லை. அந்த ஊரின் மாடியிலும் சந்திலும் தோன்றித் தோன்றி விழுகிறவர்களுக்கும் இல்லை. 2009-இல் வந்த அடுத்த பாகத்தில் கராச்சி நகரம் ஒரு களமாயிற்று. கராச்சியின் கடைப் பலகைகளில் உருது இருக்கும், ஆங்கிலம் இருக்கும். விளையாட்டிலோ பலகைகள் அரபியில் எழுதப்பட்டிருந்தன! உத்தனப்பள்ளியில் உருது எழுத்துக் கூட்டிப் படிக்கும் பத்து வயதுச் சிறுவன் நொடியில் காட்டிக்கொடுத்துவிடும் பிழை இது. குண்டுக்கூட்டின் ஒலிக்கு அவ்வளவு ஆராய்ச்சி செய்தவர்களுக்கு, ஒரு கோடிக்கு மேல் மக்கள் வாழும் நகரம் எந்த மொழியைப் படிக்கிறது என்று விசாரிக்கத் தோன்றவில்லை. ஆடியவர்களில் பெரும்பாலோர்க்கும் அது கண்ணை உறுத்தவில்லை. இருப்பது முஸ்லிம் ஊர், எழுத்து வலமிருந்து இடம் ஓடுகிறது, அதற்கு மேல் என்ன?

போர்க்கதை நமக்குப் புதிதன்று. தமிழ் முஸ்லிம் புலவர்கள் ‘படைப்போர்’ என்றே ஓர் இலக்கிய வகையைப் படைத்தவர்கள். சீறாப்புராணத்தில் பதுறும் உகதும் விரிந்து கிடக்கின்றன. உமறுப் புலவரின் களத்தில் எதிரணியில் நிற்போர்க்கும் பெயர் உண்டு, குலம் உண்டு, நாவிலே சொல் உண்டு. அபூஜஹில் பேசுகிறான், அவன் பேச்சைக் கேட்ட பின்னரே அவன் வீழ்ச்சியைக் காண்கிறோம். இன்னும் பழைய தமிழ் மரபைப் பார்த்தால் பரணிக்கு இட்ட பெயரே வியப்பூட்டும். வென்றவன் சோழன், நூலின் பெயர் கலிங்கத்துப்பரணி. தோற்ற நாட்டின் பெயரால் நூலை அழைப்பது பரணியின் இலக்கணம். பழம்போர்க் கவிதை இரக்கமுடையது என்று நான் சொல்ல வரவில்லை. பேய்கள் கூழ் அடும் களம் அது, கொடுமைக்குக் குறைவில்லை. எனினும் கொல்லப்பட்டவன் இன்னான் என்று சொல்லாமல் பாடுவது இழுக்கு என்று அப்புலவர்கள் கருதினர். இரண்டாயிரத்து ஏழின் படைப்பாளிக்கு அந்தக் கூச்சம்கூட இல்லை. ரசிகனும் அதைக் குறையாகக் காணவில்லை.

நம்மவர்கள் குரல் எழுப்பவே இல்லையா என்று கேட்கலாம். எழுப்பினார்கள், பலனும் கண்டார்கள். 2009-ஆம் ஆண்டுப் பாகத்தில் பிரேசில் நாட்டுக் குடிசைப் பகுதி ஒன்று களமாக உண்டு. அங்கே ஒரு வீட்டுக் குளியலறையில் மாட்டியிருந்த படச்சட்டத்தில், இறைவனின் அழகைக் குறித்த நபிமொழி அரபியில் பொறிக்கப்பட்டிருந்தது. அலங்காரத்துக்குக் கிடைத்த எழுத்து என்று யாரோ ஒட்டிவிட்டார்கள் போலும். 2012 அக்டோபரில் முஸ்லிம் ஆட்டக்காரர்கள் அதைக் கண்டு முறையிட்டார்கள். நிறுவனம் அந்தக் களத்தையே நீக்கி, திருத்தி, பிறகு திரும்பத் தந்தது. 2020 ஜூனில் ‘பப்ஜி’ விளையாட்டில் சிலையொன்றின் முன் பணிந்து பலன் பெறும் ஏற்பாடு வந்தபோது அரபு நாடுகளில் எதிர்ப்பு எழுந்தது, அதுவும் நீக்கப்பட்டது. 2021 நவம்பரில் ‘வான்கார்ட்’ என்னும் பாகத்தில் குருதி தெறித்த தரையில் திருக்குர்ஆன் ஏடுகள் சிதறிக் கிடந்ததைக் கண்டு கொதித்தார்கள். பாகம் வெளியாகி ஒரு வாரத்திற்குள் ஏடுகள் அகற்றப்பட்டன. அரபி மொழியில் மன்னிப்பும் கேட்கப்பட்டது.

திருமறையின் ஏட்டைக் காலடியிலிருந்து எடுக்கச் செய்தது நம் கடமை. அதில் இரு கருத்துக்கு இடமில்லை. அந்த இளைஞர்களுக்கு நம் நன்றி உரியது. ஆனால் அதே தரையில், அந்த ஏடுகளுக்கு அருகில், எத்தனை பாகங்களாக எத்தனை உடல்கள் விழுந்திருக்கின்றன? தாடியும் தலைப்பாகையும் உடைய அந்த மனிதனைத் தரையிலிருந்து எடுங்கள் என்று நம் ரசிகன் முறையிட்டானா? அவன்தான் அந்த மனிதனைச் சுட்டுவிட்டு, அடுத்த அறைக்குப் போகும் வழியில் ஏட்டைக் கண்டவன்.

மனிதருக்காகப் பேசிய முயற்சி ஒன்று உண்டு. அதன் முடிவையும் சொல்ல வேண்டும். 2004 நவம்பரில் ஈராக்கின் ஃபல்லூஜா நகரில் அமெரிக்கப் படை நடத்திய போரை ‘ஃபல்லூஜாவில் ஆறு நாட்கள்’ என்ற பெயரில் விளையாட்டாக்கும் திட்டம் 2009-இல் அறிவிக்கப்பட்டது. எதிர்ப்பால் அதே ஆண்டு கைவிடப்பட்டது. 2021-இல் உயிர்பெற்றபோது, அமெரிக்க முஸ்லிம்களின் உரிமை அமைப்பான ‘கெய்ர்’, இதை விற்க வேண்டாம் என்று மைக்ரோசாஃப்ட், சோனி, வால்வ் ஆகிய மூன்று நிறுவனங்களைக் கேட்டுக்கொண்டது. 2023 ஜூனில், அம்மூன்றில் ஒன்றான வால்வ் நிறுவனத்தின் கடையிலேயே அது விற்பனைக்கு வந்தது. சுவரிலிருந்த எழுத்துக்காகக் கேட்டபோது ஒரு களமே மறைந்தது. ஒரு நகரத்து மாந்தருக்காகக் கேட்டபோது கடைக் கதவு திறந்தே இருந்தது. வணிகனுக்கு இக்கணக்கு எளிது: எழுத்தை எடுத்தால் ஆட்டம் கெடுவதில்லை, ஆளை எடுத்தால் சுடுவதற்கு எதுவும் மிஞ்சாது.

2019 அக்டோபரில் வந்த ‘மாடர்ன் வார்ஃபேர்’ இத்தொடரிலேயே துணிச்சலானது என்று புகழப்பட்டது. ஃபரா கரீம் என்னும் முஸ்லிம் பெண், ‘உர்ஸிக்ஸ்தான்’ என்ற கற்பனை நாட்டின் விடுதலைப் படைத் தலைவியாக வருகிறாள். அவளுக்குப் பெயர் உண்டு, பிள்ளைப் பருவம் உண்டு, நியாயம் உண்டு. ரசிகர்கள் அவளை உளமார ஏற்றார்கள். பாராட்ட வேண்டியதைப் பாராட்டுவோம். ஆனால் அதே கதையில் ‘மரண நெடுஞ்சாலை’ என்று ஓர் இடம் வருகிறது; தப்பியோட முயன்றவர்களை ரஷ்யர்கள் குண்டு வீசிக் கொன்ற சாலை என்று பாத்திரங்கள் சொல்கின்றன. அப்பெயருடைய சாலை மெய்யாகவே உண்டு. 1991 பிப்ரவரி 26-ஆம் நாள் இரவு, குவைத்திலிருந்து பஸ்ராவை நோக்கிப் பின்வாங்கிய ஈராக்கிய வாகன வரிசையை அமெரிக்கத் தலைமையிலான கூட்டணியின் விமானங்கள் எரித்த சாலை அது. பெயரை அப்படியே எடுத்துக்கொண்டு, பழியை மட்டும் இடம் மாற்றிவிட்டார்கள்.

எதிர்வினை யாரிடமிருந்து வந்தது? ரஷ்ய ரசிகர்களிடமிருந்து. தங்கள் நாட்டைக் கொடுங்கோல் நாடாகக் காட்டிவிட்டார்கள் என்று மதிப்பெண்ணைக் குறைத்துத் தள்ளினார்கள். அவர்கள் நாட்டில் சோனியின் கடையில் அது விற்பனைக்கே வரவில்லை. வரலாற்றைத் திரித்தது தவறென்று மேலை நாட்டு எழுத்தாளர் சிலரும் எழுதினர். கொன்றவன் யார் என்பதில் வழக்கு நடந்தது. எரிந்த வண்டிகளுக்குள் இருந்தவர்கள் தரப்பில் வழக்காட எவரும் வரவில்லை.

ஃபரா கரீமின் கதை அத்தோடு முடியவில்லை. 2023 நவம்பரில் வந்த பாகத்திலும் அவள் இருக்கிறாள். காஸாவிலிருந்து வந்த செய்திகளைக் காணச் சகியாது நம் வீடுகளில் தொலைக்காட்சியை அணைத்துக்கொண்டிருந்த மாதம் அது. அதே கைப்பேசியில் ஒரு செய்தித் துண்டுக்கு அடுத்தபடியாக இப்பாகத்தின் விளம்பரமும் ஓடியது. அடுத்த மாதம், டிசம்பர் 6-இல், ‘வார்ஸோன்’ என்னும் பெருங்களத்திற்காக அவளுடைய தாயகமான உர்ஸிக்ஸ்தான் திறந்துவிடப்பட்டது. வீடுகள், கடைவீதி, பழைய நகரம் எல்லாம் இருந்தன. ரசிகர்கள் மகிழ்ந்தார்கள். முந்தைய களத்தைவிட ஓட வசதி, மாடிக்கு மாடி தாவ வசதி, தூரத்துக் குறி தெளிவாகத் தெரிகிறது என்று எழுதினார்கள். ஒரே நேரத்தில் நூறு பேர் வானிலிருந்து குதித்து, ஒருவன் மட்டும் மிஞ்சும் வரை அங்கே சுட்டுக்கொள்ள முடிந்தது. எந்த மக்களின் விடுதலைக்காக ஃபரா இரண்டு பாகங்களில் போராடினாளோ, அவர்களில் ஒருவர்கூட அந்தத் தெருக்களில் குடியிருக்கவில்லை.