வண்டிக்குள் எல்லாம் இருக்கிறது

ஊருக்குப் பாரமில்லாத சுற்றுலா என்று கேரவன் பயணத்துக்கு ஒரு நற்பெயர் சேர்ந்துகொண்டிருக்கிறது. கேரளம் 2021-இல் இதற்கெனத் தனிக் கொள்கையே அறிவித்தது. மறு ஆண்டில் வாகமண்ணில் முதல் கேரவன் பூங்கா திறந்தது. 2023-இல் வந்த தமிழ்நாடு சுற்றுலாக் கொள்கையிலும் கேரவனுக்கு இடம் உண்டு. அரசு வரட்டும் என்று காத்திராமல் நம் ஆட்கள் தாங்களாகவே கிளம்பியும் விட்டார்கள். தார், கூர்க்கா, ஜிம்னி, கூரைமேல் கூடாரத்தை மடித்துக் கட்டிய வி-கிராஸ், உள்ளே கட்டிலும் அடுப்பும் பொருத்திய டெம்போ டிராவலர் என்று ஐந்தாறு வண்டிகள் சனிக்கிழமை காலையில் வரிசையாகக் காஞ்சிபுரத்துக்குள் நுழைவது இப்போது பழகிய காட்சி. வரதரைச் சேவித்து, கோயில் இட்லி சாப்பிட்டு, ஆரணி, போளூர் வழியாக ஜவ்வாது மலைக்கு ஏறிவிடுவார்கள். அவ்வளவு தூரம் போக மனமில்லாதவர்களுக்குப் பாலாற்றங்கரை இருக்கிறது.

இவர்கள் தரப்பு வாதம் ஒன்றுதான். லாட்ஜ் வேண்டாம், ஹோட்டல் வேண்டாம், யாரையும் எழுப்பிக் கதவைத் திறக்கச் சொல்ல வேண்டாம். எல்லாம் வண்டிக்குள் இருக்கிறது. இந்த வாதத்தைச் சுற்றுலாப் பத்திகளும் வண்டி விற்பவர்களும் திரும்பத் திரும்பச் சொல்லி, கேரவன்காரர்கள் ஏதோ ஊருக்கு உபகாரம் செய்ய வந்தவர்கள் என்ற தோற்றத்தை உண்டாக்கிவிட்டார்கள்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். குழுவாகப் போவதற்கு இவர்கள் போடும் திட்டம் அசட்டுத்தனமானதல்ல. வழி தெரிந்தவர் முதல் வண்டியில், பழுது பார்க்கத் தெரிந்தவர் கடைசி வண்டியில், நடுவில் புதியவர்கள். கைக்கு ஒரு வாக்கி-டாக்கி. மணலில் இறங்குமுன் டயர்க் காற்றைக் குறைக்கிறார்கள், சிக்கிய வண்டியை எந்தக் கொக்கியில் கயிறு மாட்டி இழுப்பது என்று முன்கூட்டியே பேசிவைக்கிறார்கள். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீ 23 உயிர்களைக் கொண்டுபோன பிறகு, வனத்துறை அனுமதி, தீயணைப்பான், முதலுதவி என்பதையெல்லாம் கேலி செய்யாமல் பட்டியலில் சேர்க்கிற பழக்கமும் வந்திருக்கிறது. முழங்கால் வலிக்கிற அம்மாவையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு போக முடிகிறது. பெண்களுக்கு நம் நெடுஞ்சாலைகளில் நம்பிப் போகக்கூடிய கழிப்பறை அபூர்வம் என்பதால், வண்டிக்குள்ளேயே ஒன்று இருப்பதன் அருமை ஆண்களுக்குப் புரியாது. இவ்வளவும் உண்மை.

ஆனால் அந்தக் கழிப்பறை நிறைந்த பிறகு என்ன ஆகிறது? என் நெடுநாள் கேள்வி இதுதான். பயணத் திட்டங்களை எக்செல் தாளில் போட்டு அனுப்புகிறார்கள். டீசல், சுங்கம், வின்ச், பவர் பேங்க், மசாலா தடவிய கோழி எந்த வண்டிக் குளிர்பெட்டியில் என்பது வரை தனித்தனிப் பத்தி. என் கண்ணில் பட்ட எந்தத் தாளிலும் கழிவை எங்கே இறக்குவது என்பதற்குப் பத்தி இல்லை.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆறு வண்டி, இருபது பேர், இரண்டு இரவு என்று வைத்துக்கொள்வோம். ஒரு மனிதர் நாளொன்றுக்குக் கழிக்கும் சிறுநீர் சுமார் ஒன்றரை லிட்டர். இருபது பேருக்கு முப்பது லிட்டர், இரண்டு நாளைக்கு அறுபது. வண்டியில் பொருத்தும் சிறு கழிப்பறைகளின் அடித்தொட்டி பெரும்பாலும் இருபது லிட்டர் கொள்ளும். ஆறில் மூன்று வண்டிக்குக் கழிப்பறை இருந்தால், சிறுநீர் ஒன்றே இரண்டாம் நாள் மாலைக்குள் மூன்றையும் நிரப்பிவிடும். மலத்தையும், ஊற்றிக் கழுவும் தண்ணீரையும் நான் இன்னும் கணக்கில் சேர்க்கவே இல்லை. நம் ஆட்கள் காகிதத்தோடு நிறுத்திக்கொள்கிறவர்களும் அல்லர். ஆகவே நடப்பது இரண்டில் ஒன்று. ஆண்கள் புதரைத் தேடிப் போகிறார்கள். அல்லது தொட்டி இருட்டில் எங்கேயோ காலியாகிறது. குளியலுக்கு வந்தால் ஆளுக்கு ஒரு வாளி என்றாலும் நாளைக்கு நானூறு லிட்டர். அது எந்த வண்டிக்குள்ளும் இல்லை. ஏதோ ஒரு கிராமத்துக் குழாயிலிருந்து வருகிறது. சோப்பு நுரையாக அந்தக் கிராமத்து மண்ணுக்கே போகிறது. எல்லாம் வண்டிக்குள் இருக்கிறது என்பது உள்ளே ஏற்றியதைப் பற்றிய பேச்சு மட்டுமே. வெளியே இறக்கியதைப் பற்றி அது வாயே திறப்பதில்லை.

‘குப்பையை மூட்டை கட்டித் திருப்பி எடுத்துவந்துவிடுகிறோம்’ என்பார்கள். எடுத்துவருகிறார்கள், மறுக்கவில்லை. பிளாஸ்டிக் தட்டும் பாட்டிலும் படத்தில் தெரியும், அவற்றைப் பொறுக்குவதும் படத்தில் தெரியும். கழிவுத் தொட்டியைத் தூக்கிக்கொண்டு நிற்கிற படத்தை இதுவரை யாரும் எடுத்ததில்லை.

பாலாறு காய்ந்து கிடப்பதைப் பார்க்கிற வெளியூர்க்காரருக்கு அது நான்கு சக்கர இயக்கத்தைச் சோதித்துப் பார்க்க வாகான மணல் மைதானம். காஞ்சிபுரத்துக்காரருக்கு அது குடிநீர்த் தொட்டி. ஆறு மேலே ஓடாத மாதங்களிலும் மணலுக்கடியில் ஊறுகிற நீரைக் கிணறு இறக்கி எடுத்துத்தான் இந்த ஊரும் ஆற்றோரக் கிராமங்களும் குடிக்கின்றன. லாரி லாரியாக அள்ளப்பட்டது போக மிச்சமிருக்கிற மணல்தான் அந்த நீருக்கு வடிகட்டி. அதன்மேல் கூடாரம் அடித்து, குழி தோண்டி, காலையில் காலால் மணலைத் தள்ளி மூடிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவருக்கு டயர்க் காற்றழுத்தம் எவ்வளவு தெரிந்து என்ன பயன்? கழிப்பறைத் தொட்டியில் நாற்றம் வராமலிருக்க ஊற்றும் நீல மருந்துகளில் சில பார்மால்டிஹைடு கலந்தவை. அவை செப்டிக் டேங்கில் போனாலே அங்கே கழிவை மட்கவைக்கும் நுண்ணுயிர்களைக் கொல்லும். ஆற்று மணலில் போனால் சொல்ல வேண்டாம். (காய்ந்த ஆற்றில் இரவு தங்குவது எவ்வளவு புத்திசாலித்தனம் என்பதற்கு 2021 நவம்பரில் கரைபுரண்ட பாலாற்றைப் பார்த்தவர்களிடம் கேட்டுக்கொள்ளலாம்.)

கழிவு எங்கே போகிறது என்ற கேள்வியை முதலில் கேட்பவன் நானல்லன். நியூசிலாந்தில் வண்டியில் தங்குவோர் பெருகி ஊர்கள் முகம் சுளித்தபோது 2011-இல் அதற்கென்று ஒரு சட்டம் வந்தது. தன்னிறைவான வண்டி என்று சான்று பெற அங்கே இருந்த அளவுகோல், மூன்று நாளைக்குத் தேவையான தண்ணீரும் மூன்று நாளைக் கழிவைத் தாங்கும் தொட்டியும். பலர் கையில் தூக்கிச் செல்லும் கழிப்பெட்டி ஒன்றை வாங்கி வண்டிக்குள் போட்டுச் சான்று பெற்றுக்கொண்டு, அதைத் திறக்காமலேயே ஊர் சுற்றினார்கள். படுக்கையை விரித்துவிட்டால் பெட்டியை எடுக்கவே இடமில்லாத வண்டிகள் இருந்தன. விரித்த படுக்கையோடும் உள்ளே பயன்படுத்த முடிய வேண்டும் என்று விதியை இறுக்கினார்கள். அதுவும் போதாமல் 2023-இல், கழிப்பறை வண்டியோடு நிரந்தரமாகப் பொருத்தப்பட்டிருக்க வேண்டும், கழற்றித் தூக்குவது செல்லாது என்று மாற்றினார்கள். கழிவு இறக்கும் நிலையங்கள் ஊருக்கு ஊர் குறிக்கப்பட்டிருக்கிற நாட்டில் இந்த நிலை. கேரளக் கொள்கையிலும் வண்டிக்கு இணையாகப் பூங்காவைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள்: குறைந்தது ஐம்பது சென்ட் நிலம், ஐந்து வண்டிக்கு நிறுத்தம். எத்தனை பூங்கா வந்தது என்பது வேறு விஷயம். வண்டி நிற்குமிடத்துக்கு ஒரு பொறுப்பாளி வேண்டும் என்றாவது தோன்றியிருக்கிறது. இங்கே வார இறுதிக் குழுக்களின் திட்டத்தில் அந்தப் பொறுப்பாளி கூகுள் மேப்பில் குத்திய ஒரு சிவப்புப் புள்ளி.

அந்தப் புள்ளி விழுகிற இடங்களில் ஒன்று பழையசீவரத்துக்கு எதிர்க்கரையிலிருக்கும் திருமுக்கூடல். பாலாறும் செய்யாறும் வேகவதியும் சேருமிடம். பொங்கலுக்கு மறுநாள் பார்வேட்டைக்குக் காஞ்சி வரதர் பழையசீவரம் வரை எழுந்தருளி, ஆற்றைக் கடந்து அங்கே மற்றப் பெருமாள்களோடு சேர்வார். கூட்டமாகக் கிளம்பி, இரவு பகல் பயணம் செய்து, வெட்டவெளியில் கூடும் வழக்கம் இந்த வட்டாரத்துக்குப் புதிதில்லை. அந்தப் பயணத்தில் எந்த இடத்தில் யாருடைய மண்டகப்படி என்பது கிளம்புமுன்பே முடிவாகியிருக்கும். சுவாமி இறங்குகிற இடத்தில் அந்த ஊர்க்காரர் ஒருவர் பொறுப்பு. அதே திருமுக்கூடல் கோயில் சுவரில் பதினோராம் நூற்றாண்டு வீரராசேந்திரன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. பதினைந்து படுக்கை கொண்ட ஆதுலர்சாலை, அதாவது மருத்துவமனை, ஒன்றின் செலவுக் கணக்கு அதில் வருகிறது. வைத்தியருக்கும் சல்லியம் செய்பவருக்கும் ஒதுக்கீடு எழுதியவர்கள், மருந்துக்கு விறகு கொண்டுவருபவருக்கும் தண்ணீர் சுமப்பவருக்கும் சேர்த்தே எழுதியிருக்கிறார்கள். படுக்கையை எண்ணியதோடு கணக்கை முடித்துவிடவில்லை. நம் எக்செல் தாள் படுக்கையோடு நின்றுவிடுகிறது.

பழைய வேன் யாத்திரைக்காரர்கள் மட்டும் யோக்கியமா என்று கேட்கலாம். இல்லை. சமையல்காரரையும் அண்டாவையும் ஏற்றிக்கொண்டு நவக்கிரகம் சுற்றுகிற கூட்டம் குளக்கரையை என்ன பாடு படுத்தும் என்பது தெரிந்ததே. ஆனால் அவர்கள் யாரும் ஊருக்குப் பாரமில்லை என்று சொல்லிக்கொண்டதில்லை. சத்திரத்துக்கோ மண்டபத்துக்கோ ஒரு தொகை கட்டினார்கள், திட்டு வாங்கினார்கள், அடுத்த வருடம் வந்தார்கள். கேரவன்காரர் சத்திரத்தையும் தவிர்க்கிறார், திட்டையும் தவிர்க்கிறார், பாராட்டையும் எதிர்பார்க்கிறார். சென்னையிலேயே கறியும் கரியும் தண்ணீர் கேனும் வாங்கி ஏற்றிக்கொண்டு வருபவர் வழியிலுள்ள கிராமத்துக்குக் கொடுக்கிற வருமானம் தேநீர்க் காசு. கொடுத்துவிட்டுப் போவது என்ன என்று மேலே சொன்னேன்.

கூட்டம் தங்கினால் ஊருக்கு என்ன செலவு என்பதைக் காஞ்சிபுரத்துக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. 2019-இல் ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை அத்திவரதர் கோயில் குளத்திலிருந்து எழுந்தருளி நாற்பத்தெட்டு நாள் வெளியே இருந்தபோது ஒரு கோடிப் பேர் அளவுக்கு வந்து போனார்கள். தற்காலிகக் கழிப்பறைகள் போட்டார்கள், வெளியூர்களிலிருந்தும் துப்புரவுப் பணியாளர்களை வரவழைத்தார்கள். அந்தத் திருவிழாவை நடத்திக் கொடுத்தவர்களில் அவர்களுக்கு முதலிடம் தரவேண்டும். அரசாணையிலும் பட்ஜெட்டிலும் அந்த வேலைக்கு ஒரு வரி இருந்தது. இருபது பேர் கொண்ட குழு ஒரு கோடிக்கு முன் தூசு என்று வாதிடலாம். தூசுதான். ஆனால் அந்த இருபது பேரின் தொட்டியை அள்ளுபவர் யார் என்று எந்த வரியும் இல்லை. மனிதக் கழிவை மனிதரைக் கொண்டு அள்ள வைப்பதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மாலை வீடு திரும்பி, வண்டி கழுவும் கடைப் பையனிடம் சாவியைக் கொடுத்து ‘உள்ளேயும் சுத்தம் பண்ணிடு தம்பி’ என்று சொல்பவருக்கு, தான் என்ன செய்யச் சொல்கிறோம் என்பது தெரியுமா? தெரியும் என்றுதான் நினைக்கிறேன். தெரிந்ததனால்தான் எக்செல் தாளில் அதற்குப் பத்தி இல்லை.

மற்றக் குறைகளை நான் பெரிதுபடுத்தவில்லை. விடிகாலையில் பிள்ளையார்பாளையத் தெருக்களில் பாவை நீளமாக இழுத்துக் கட்டி நிற்கிற நெசவாளர்களுக்கு நடுவே அகலமான வண்டியை நுழைத்து ஹாரன் அடிப்பது, வைணு பாப்பு தொலைநோக்கி இருட்டை நம்பி நிற்கிற ஜவ்வாது மலைக் காவலூரில் கூரை விளக்குகளைப் பளீரென்று எரியவிடுவது எல்லாம் எடுத்துச் சொன்னால் திருந்தக்கூடியவை. பலர் திருந்தியும் இருக்கிறார்கள். கழிவு அப்படிச் சொல்லித் திருந்துகிற விஷயமில்லை. அதற்கு ஓர் இடம் வேண்டும், அந்த இடத்தை நடத்த ஆளும் காசும் வேண்டும். செப்டிக் டேங்க் கழிவை ஏற்றும் லாரிக்கு உரிமம் கேட்கிற அரசு, கழிவைச் சுமந்து ஊர் ஊராகச் சுற்றுகிற உல்லாச வண்டியிடம் ஒன்றும் கேட்காமல் இருப்பது எந்த நியாயம் என்று தெரியவில்லை.

காஞ்சிபுரம் இப்போது மாநகராட்சி. ஊர் எல்லையில் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தோடு சேர்த்து இறக்குமிடம் ஒன்றைக் கட்டி, வண்டிக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கி ரசீது கொடுக்கட்டும். காட்டுக்குள்ளும் ஆற்றோரத்திலும் தங்க அனுமதி கேட்பவர் போன தடவையின் ரசீதைக் காட்டட்டும். அது வரும்வரை நான்கு சக்கர இயக்க வண்டிக்காரர்களும் மற்றவர்களைப் போல லாட்ஜில் அறை எடுத்துத் தங்கலாம். சன்னதித் தெருப் பக்கம் வாடகை அப்படியொன்றும் அதிகமில்லை, கழிப்பறையும் உண்டு.