வந்தவர்கள் அச்சேற்றிய நகரம்: மும்பைத் தமிழரின் இதழியல் பாணிகள்

மும்பையின் மாட்டுங்காவில் வந்து இறங்கிய முதல் தலைமுறைத் தமிழர்களில் பலருக்கு முதலாக இருந்தவை சுருக்கெழுத்தும் தட்டெழுத்தும்தான். கும்பகோணத்திலும் திருநெல்வேலியிலும் பாலக்காட்டிலும் கற்றுக்கொண்ட அந்த இரண்டு வித்தைகளை நம்பிக் கோட்டைப் பகுதி அலுவலகங்களில் வேலைக்கு அமர்ந்தார்கள். பிறர் சொல்வதைப் பிழையில்லாமல் எழுதித் தருபவர்கள் என்று பெயர் வாங்கினார்கள். மும்பைத் தமிழராகிய நம்மைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் அந்தப் பெயரோடு நின்றுவிடுகிறது. இந்த நகரத்துக்கு வந்த தமிழர்கள் தம் சொந்தச் சொல்லையும் அச்சேற்றினார்கள் என்பதும், அந்த அச்சு நாட்டின் அரசியலைத் தொட்டது என்பதும் நம் விழா மலர்களிலேயே போதிய அளவு எழுதப்படவில்லை. சண்முகானந்தா அரங்கிலிருந்து வெளியே வரும்போது கச்சேரியைப் பாணி பாணியாகப் பிரித்துப் பேசுகிறோம். நம் இதழியலுக்கும் பாணிகள் உண்டு. அவற்றை எடைபோட அளவுகோல்களும் உண்டு.

ஓர் அயர்லாந்துக்காரரின் பாடம்

அளவுகோலை வெளியிலிருந்து, வேறொரு நாட்டுக்கு வந்து அச்சேற்றிய ஒருவரிடமிருந்து, எடுத்து வருவது நல்லது. மேத்யூ கேரி 1760-இல் டப்ளினில் பிறந்தவர். பிரிட்டிஷ் ஆட்சியைத் தாக்கி எழுதியதற்காகச் சிறை சென்று, 1784-இல் பிலடெல்பியாவுக்குத் தப்பிப் போனார். பிரெஞ்சுப் படைத்தலைவர் லஃபாயெத் கொடுத்த 400 டாலரைக் கொண்டு மறு ஆண்டே பத்திரிகை தொடங்கினார். மாநிலச் சட்டமன்றத்தில் பேசப்பட்டதைக் கேட்டுக் குறித்துவந்து வெளியிட்டதுதான் அதற்கு வாசகர்களைச் சேர்த்தது. 1787-இல் 'அமெரிக்கன் மியூசியம்' என்ற மாத இதழைத் தொடங்கி, புதிய நாட்டின் அரசியல் கட்டுரைகளை ஊர் ஊராகக் கொண்டுசேர்த்தார். 1790-இல் அயர்லாந்திலிருந்து கையில் ஒன்றுமின்றி வருவோருக்கு உதவும் சங்கத்தை நிறுவியவர்களில் அவரும் ஒருவர். 1798-இல் அமெரிக்கக் குடியுரிமைக்கான காத்திருப்பை 5 ஆண்டிலிருந்து 14 ஆண்டாக நீட்டிச் சட்டம் வந்தபோது, அதன் முக்கியக் குறிகளில் ஒன்று அயர்லாந்துக்காரர்கள். வந்தவர்களைச் சந்தேகித்த அதே நாடு 1814-இல் பிரிட்டனுடன் போரில் தத்தளித்தபோது, அந்நாட்டின் இரு அரசியல் கட்சிகளும் சண்டையை விட்டு ஒன்றுசேர வேண்டும் என்று 'தி ஆலிவ் பிராஞ்ச்' என்ற நூலை எழுதி வெளியிட்டவர் கேரி. அந்த நூல் பல பதிப்புகள் கண்டது.

இந்த இழை நம் மண்ணிலும் ஓடுகிறது. 1780-இல் கல்கத்தாவில் இந்தியாவின் முதல் அச்சுச் செய்தித்தாளைக் கொண்டுவந்த ஹிக்கி அயர்லாந்துக்காரர். அயர்லாந்துப் பெற்றோருக்குப் பிறந்த வில்லியம் டுவேன், கல்கத்தாவில் பத்திரிகை நடத்தியதற்காகக் கிழக்கிந்தியக் கம்பெனி அரசால் நாடு கடத்தப்பட்டவர். பின்னர் பிலடெல்பியாவில் 'அரோரா' பத்திரிகையின் ஆசிரியராகி, ஜெஃபர்சனின் 1800 தேர்தல் வெற்றிக்குத் துணைநின்றார்.

முதல் பாணி: வார இதழின் மனச்சாட்சி

மும்பையில் நம் மரபின் மூத்த பெயர் காமாட்சி நடராஜன். தஞ்சை மண்ணில் பிறந்து, சென்னையில் 'தி இந்து'வில் பணியாற்றியவர். 1890-இல் சென்னையில் பிறந்த 'இந்தியன் சோஷியல் ரிஃபார்மர்' என்ற ஆங்கில வார இதழ், அந்த நூற்றாண்டு முடிவதற்குள் அவரோடு பம்பாய்க்குக் குடிபெயர்ந்தது. விதவை மறுமணம், பெண்ணின் திருமண வயது, சாதிக் கட்டு என்று வீட்டுக்குள் பேசத் தயங்கியவற்றை வாரம் தவறாமல் எழுதியது. 1927-இல் அமெரிக்க எழுத்தாளர் காதரின் மேயோ 'மதர் இந்தியா' எழுதி இந்தியாவை இழிவுபடுத்தியபோது, நடராஜன் அதற்கு மறுப்பு எழுதினார். நம் குறைகளை ஆண்டுக்கணக்காக நாமே எழுதியவர் என்பதால்தான் அந்த மறுப்புக்கு எடை இருந்தது. அவருடைய மகன் எஸ். நடராஜன் 1962-இல் இந்தியப் பத்திரிகை வரலாற்றையே நூலாக எழுதினார். தன் வீட்டைத் திருத்தும் துணிவே இந்தப் பாணியின் இலக்கணம்.

இரண்டாம் பாணி: செய்தியின் ஊற்று

கேரிக்கு மிக அருகில் வைக்கத்தக்கவர் எஸ். சதானந்த். 1900-இல் பிறந்த தமிழர். ரங்கூன்வரை சென்று பத்திரிகைத் தொழில் பார்த்தவர். 1920-களில் இந்தியச் செய்தித்தாள்களுக்குத் தந்திச் செய்தி தந்தவை ராய்ட்டரும் அதன் கைக்குள் இருந்த அசோசியேட்டட் பிரஸ் ஆஃப் இந்தியாவும்தான். தலையங்கத்தில் எவ்வளவு வீரம் பேசினாலும், முதல் பக்கச் செய்தி அரசுக்கு உகந்த வாயிலிருந்தே வந்தது. ஊற்று நம்முடையதாக இல்லாமல் ஓடை நம்முடையதாகாது என்பதை உணர்ந்த சதானந்த், 'ஃப்ரீ பிரஸ் ஆஃப் இந்தியா' என்ற செய்தி நிறுவனத்தை ஏற்படுத்தினார்.

1930-இல் உப்புச் சத்தியாகிரகம் மூண்டது. பத்திரிகைகள் மீது அவசரச் சட்டம் பாய்ந்தது. அதே ஆண்டில்தான் சதானந்த் பம்பாயில் 'ஃப்ரீ பிரஸ் ஜர்னல்' நாளிதழைக் கொண்டுவந்தார். அரசு ஜாமீன் தொகை கேட்டது, கட்டினார். பறிமுதல் செய்தது, மறுபடி திரட்டிக் கட்டினார். 1933-இல் சென்னை 'இந்தியன் எக்ஸ்பிரஸ்' அவர் கைக்கு வந்தது. 1934 செப்டம்பர் 11 அன்று, பாரதியின் நினைவு நாளில், டி.எஸ். சொக்கலிங்கத்தை ஆசிரியராகக் கொண்டு 'தினமணி' பிறந்தது. மராத்தியில் 'நவசக்தி'யும் அவர் தொடங்கியதே. தாங்க முடியாத சுமை 1935-இல் செய்தி நிறுவனத்தைச் சாய்த்தது. சென்னைப் பத்திரிகைகளும் ராம்நாத் கோயங்காவின் கைக்குப் போயின.

ஆனாலும் அந்த எண்ணம் சாகவில்லை. 1947 ஆகஸ்ட் 27 அன்று சென்னையில் 'பிரஸ் டிரஸ்ட் ஆஃப் இந்தியா' பதிவானபோது, 'தி இந்து' கே. சீனிவாசன், 'ஆனந்த விகடன்' எஸ்.எஸ். வாசன், 'சுதேசமித்திரன்' சி.ஆர். சீனிவாசன் ஆகியோருடன் கையெழுத்திட்டவர்களில் சதானந்தும் ஒருவர். இன்று எந்த மொழிப் பத்திரிகையிலும் பி.டி.ஐ. என்ற மூன்றெழுத்தைப் பார்க்கும்போது, 1920-களில் இந்த நகரத்தில் ஒரு தமிழர் கண்ட கனவு நினைவுக்கு வர வேண்டும்.

அவருடைய இன்னொரு கொடை, பத்திரிகை அலுவலகத்தையே பயிற்சிக் கூடமாக்கியது. சம்பளம் குறைவு, வேலை மிகுதி. ஆனால் தொழில் கற்காமல் யாரும் வெளியேறவில்லை. எம்.வி. காமத், டி.ஜே.எஸ். ஜார்ஜ், ஆர்.கே. லட்சுமண் ஆகியோர் அங்கே பயின்றவர்கள். பால் தாக்கரேயும் அங்கே கார்ட்டூன் வரைந்தவர்தான்.

மூன்றாம் பாணி: சங்கத்து ஏடு

முதலிரண்டு பாணிகளும் ஆங்கிலத்தில் நாட்டோடு பேசின. மூன்றாவது தமிழில் தம்மவரோடு பேசியது. பம்பாய்த் தமிழ்ச் சங்கத்தின் 'ஏடு' இதழ் அதன் நல்ல அடையாளம். மும்பையில் ஏறத்தாழ இரண்டு பத்தாண்டுகள் வாழ்ந்த எழுத்தாளர் நாஞ்சில் நாடன் அந்த இதழோடு நெருங்கி இயங்கியவர். பகலில் வேலை, மாலையில் சங்கம், இரவில் ப்ரூஃப் என்று உழைத்தவர்களின் பாணி இது. எழுத்தாளர் அம்பை 1988-இல் தோழியருடன் தொடங்கிய 'ஸ்பாரோ' பெண் ஆவணக் காப்பகமும் இந்த வரிசையில் வைக்கத்தக்கது. யாரும் எழுதி வைக்காத பெண்களின் வாழ்க்கையைப் பதிவு செய்து நூலாக்குவது அதன் பணி.

அளவுகோல்கள்

மூன்று பாணிகளையும் அருகருகே வைத்தால் மூன்று கேள்விகள் எழுகின்றன. தன்னவரின் குறையை எழுதினாயா? இது நடராஜன் வைத்த அளவு. செய்தியை யாரிடமிருந்து வாங்கினாய், அதற்கு என்ன விலை கொடுத்தாய்? இது சதானந்த் வைத்த அளவு. எழுதப்படாதவரை எழுதினாயா? இது சங்கத்து ஏட்டின் அளவு.

மூன்றாம் கேள்விக்கு முன் நாம் தலைகுனிந்துதான் நிற்க வேண்டும். மாட்டுங்காவுக்கும் தாராவிக்கும் நடுவே நடந்துபோகும் தூரம்தான். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தோல் பதனிட்டவர்களின் தாராவியைப் பற்றி உலகமெல்லாம் புத்தகம் எழுதுகிறது, படம் எடுக்கிறது. பக்கத்திலிருந்த நம் ஆங்கில மேதைமை அந்தப் பக்கம் அதிகம் திரும்பவில்லை. தொண்ணூறு அடி ரோட்டின் தமிழ்ச் சுவரொட்டிகளும் படிப்பகங்களும் கைச்செலவில் நடந்த சிறு பத்திரிகைகளும் யாரும் பாதுகாக்காமல் மழையில் போயின. நம் மரபின் பெரிய இழப்பு இது.

பெயர்ப் பட்டியல்

சதானந்தின் பத்திரிகையில் கார்ட்டூன் வரைந்த அதே பால் தாக்கரே 1960-இல் 'மார்மிக்' வார இதழைத் தொடங்கினார். அலுவலகங்களில் வேலை பார்த்த தென்னிந்தியர்களின் பெயர்கள் அதில் பட்டியல் பட்டியலாக வெளிவந்தன. 1966-இல் அவருடைய சிவசேனை கட்சி பிறந்தது. அந்த நாட்களில் தன் பெயர் அச்சில் வந்துவிட்டதா என்று அஞ்சிய குடும்பங்கள் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் இருந்தன. பிலடெல்பியாவில் 1798-இல் அயர்லாந்துக்காரர்கள் அறிந்த அச்சமும் அதுதான்.

அச்சில் வரும் பெயர் குற்றப்பட்டியலாகவும் ஆகலாம், கணக்கில் சேர்ந்ததற்குச் சான்றாகவும் ஆகலாம். நம் மலர்களின் கடைசிப் பக்கங்களில் வரும் புரவலர், உறுப்பினர், தொண்டர் பட்டியலைப் பலர் புரட்டிவிட்டுப் போகிறார்கள். எனக்கு அவை மலரின் உயிரான பக்கங்கள். இன்னாரும் இந்த நகரத்தைக் கட்டினார் என்று அவை சொல்கின்றன. அந்தப் பட்டியலில் தோல் பதனிட்டவரும் இட்லி விற்றவரும் அச்சுக் கோத்தவரும் இடம்பெறும் நாளில்தான், நடராஜனும் சதானந்தும் தொடங்கிய வேலை தாராவிவரை வந்து சேர்ந்ததாகும். அடுத்த மலருக்குப் பெயர் திரட்டுபவர்கள் முதலில் தொண்ணூறு அடி ரோட்டுக்குப் போகட்டும்.