உண்டவர் எழுதிய சமையல்

அண்மைக் காலமாக நமது சஞ்சிகைகளிலும் விழா மலர்களிலும் ஒருவகைக் கட்டுரை பெருகி வருகிறது. அதன் அமைப்பு பெரும்பாலும் ஒன்றே. ஆச்சி ஒருத்தி வருவாள். அடுப்படிப் புகை வரும். நீத்துப்பெட்டியிலிருந்து ஆவி பறக்கும் பிட்டு வரும். முற்றத்து வேப்பமர நிழலில் உறவினர் கூடியிருந்து பிளாவில் ஒடியற்கூழ் குடிப்பர். இறுதிப் பத்தியில் கட்டுரையாளர் இன்றைய யாழ்ப்பாணத்துக்கு வந்து சேர்வார். பேரங்காடியின் குளிரூட்டிய கூடத்தில் பொட்டலங்களைக் கூடையில் அள்ளும் இளம் பெண் ஒருத்தியைக் கண்டு மனம் வெதும்புவார். கைமணம் போயிற்று, பண்பாடு போயிற்று என்ற பெருமூச்சோடு கட்டுரை முடிவுறும்.

இக்கட்டுரைகளை ஏளனம் செய்வது நமது நோக்கமன்று. பிறந்த மண்ணையும் தாயின் கையையும் நினைந்து உருகுபவரை நையாண்டி செய்வது முற்போக்காகாது. ஆயினும் எந்தப் படைப்பை எடுத்துக்கொண்டாலும் விமர்சனம் முதலிற் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுண்டு: இது யாருடைய இடத்தில் நின்று உலகைக் காண்கிறது? அக்கேள்வியை இக்கட்டுரைகளிடம் கேட்டால் கிடைக்கும் விடை ஐயத்துக்கிடமற்றது. இவை உண்டவர் எழுதியவை. சமைத்தவர் இவற்றில் வருகிறார், பேசுவதில்லை.

முதலில் இவர்களது முறையீட்டிலுள்ள நியாயத்தை ஒப்புக்கொள்வோம். 2006 ஆகஸ்டில் மூடுண்ட ஏ-9 வீதி 2009இல் போர் முடிந்தபின் மீண்டும் திறந்தபோது, அவ்வழியே உறவினர் மட்டும் வரவில்லை, மூலதனமும் வந்தது. யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரி வீதியில் கொழும்பு நிறுவனத்தின் பல்மாடி அங்காடி எழுந்தது. உறைய வைத்த பரோட்டா, சுடுநீரில் இரண்டு நிமிடத்தில் வேகும் நூடில்ஸ், தகரத்தில் அடைத்த மீன், தூளாகவும் குழம்பாகவும் பொதிசெய்த கறி ஆகியன பட்டணத்தாரின் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்தன. திருநெல்வேலிச் சந்தையிலோ சுன்னாகம் சந்தையிலோ ஒருவர் செலவழிக்கும் ரூபா உடுவில் தோட்டக்காரனின் கைக்கும், பாஷையூர் மீனவன் வீட்டுக்கும் ஓரளவேனும் போய்ச் சேரும். பொட்டலத்துக்குக் கொடுத்த ரூபாவின் பெரும்பகுதி குடாநாட்டைவிட்டு வெளியேறிவிடும். உப்பும் சீனியும் எண்ணெயும் மிகுந்த ஆலை உணவுகள் உடலுக்குச் செய்யும் தீங்கும் கற்பனையன்று. பிரேசில் நாட்டு அறிஞர் கார்லோஸ் மொன்தேய்ரோ 2009இல் உணவுகளை அவற்றின் பதனிடும் அளவுகொண்டு வகுத்துக் காட்டியதன் பின்னர், உலகெங்கும் இது ஆராயப்பட்டு வருகிறது. இவையாவும் உண்மை.

ஆனால் உண்மையின் ஒரு பாதியைச் சொல்லி மறுபாதியை மறைப்பதும் பொய்யின் ஒரு வகையே. அந்த மறுபாதி அடுப்படியில் இருக்கிறது.

ஒடியற்கூழை எடுத்துக்கொள்வோம். பனங்கொட்டைகளைப் பொறுக்கிப் பாத்தியிலிட வேண்டும். சில மாதங்களின் பின் கிழங்கைக் கிண்டி, தோலுரித்து, பிளந்து, வெயிலிற் காயவைத்தால் ஒடியல் கிடைக்கும். அதை இடித்து மாவாக்கி, நீரில் ஊறவிட்டுக் கசப்பை அகற்ற வேண்டும். மீனும் நண்டும் துப்புரவு செய்ய வேண்டும். பயற்றங்காயும் பலாக்கொட்டையும் மரவள்ளியும் நறுக்க வேண்டும். மிளகாய் அரைத்து, புளி கரைத்து, அடுப்பின்முன் நின்று துழாவ வேண்டும். உண்பவர் பிளாவை ஏந்தும் வேளையில், ஆக்கியவளின் ஒரு பகற்பொழுது அந்தப் பானைக்குள் கரைந்து முடிந்திருக்கும். கட்டுரையில் அப்பகற்பொழுதுக்கு ஒரு வரிதான் இடம்: "ஆச்சி கூழ் காய்ச்சுவா."

நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவரின் ஆடிப்பிறப்புப் பாடலை அறியாத யாழ்ப்பாணத்துப் பிள்ளை இல்லை. விடுமுறையையும் கூழையும் கொழுக்கட்டையையும் எண்ணிக் குதூகலிக்கும் குழந்தையின் உள்ளம் அதிற் பேசுகிறது. குழந்தைக்காகப் பாடிய புலவர் குழந்தையின் கண்ணால் கண்டது பொருத்தமே. அதுவே அப்பாடலின் வெற்றி. நாம் குறைகூறுவது வேறொன்றை. ஐம்பதும் அறுபதும் வயதான பின்னரும் நமது கட்டுரையாளர்கள் அதே குழந்தையின் கண்ணை விட்டகலாதிருப்பதை எங்ஙனம் ஏற்பது?

இனி, இவர்கள் போற்றும் தூய மரபைச் சற்று ஆராய்வோம். நாம் சமைக்கும் இடத்துக்கு வழங்கும் 'குசினி' என்ற பெயரே போர்த்துக்கேயரிடமிருந்து வந்தது. 'பாண்' என்ற சொல்லும் அவ்வாறே. யாழ்ப்பாணத்துக் கறியின் உயிர் என்று சொல்லப்படும் மிளகாய், அவர்களது கப்பல்களின் வழியே அமெரிக்கக் கண்டத்திலிருந்து கீழ்த்திசைக்கு வந்த பயிர். மரவள்ளியும் அக்கண்டத்ததே. கோதுமை மாவைத் துணியிற் கட்டி அவித்து, அரித்து, அதிற் பிட்டும் இடியப்பமும் செய்யும் வழக்கம் நம் வீடுகளில் வேரூன்றிவிட்டது. இந்நாட்டில் விளையாத கோதுமை, கப்பலில் வந்து, 1980 முதல் திருகோணமலையிலுள்ள வெளிநாட்டு நிறுவனத்தின் பெரிய ஆலையில் அரைபட்டு, நமது நீத்துப்பெட்டிக்குள் புகுந்தது. எனவே வீட்டுச் சமையல் ஒருபுறம், உலகச் சந்தை மறுபுறம் என்று கோடு கிழிப்பது வரலாற்றுக்கு ஒவ்வாது. சந்தை நம் அடுப்படியினுள் நுழைந்து நெடுநாளாயிற்று.

வீட்டைவிட்டு ஒரு வேலை வெளியேறுவதெல்லாம் வீழ்ச்சி என்பதும் தவறு. ஊருக்கு ஊர் மா அரைக்கும் மில் வந்தபோது உரலும் உலக்கையும் மூலைக்குப் போயின. விடியற் சாமத்தில் அரிசி இடித்த பெண்களின் தோள்கள் ஓய்வு கண்டன. மிளகாயை வறுத்து மில்லுக்குக் கொண்டுபோய்த் திரித்து வரும் தாயைப் பார்த்து எவரும் 'பண்பாடு அழிந்தது' என்று புலம்பவில்லை. ஏன்? அந்த இயந்திரம் ஊரில் இருந்தது. தன் மிளகாயைத் தன் கண்முன்னே திரித்து வாங்க முடிந்தது. கூலி இன்னதென்று தெரிந்தது. ஆக, அடுப்படி வேலை யாருடைய கைக்கு, எந்த நிபந்தனையில் மாறுகிறது என்பதே பிரச்சினையின் மையம்.

கைமணம் என்ற சொல்லையும் நாம் உரசிப் பார்க்க வேண்டும். யாருடைய கை? நமது மத்தியதர வர்க்கத்து வீடுகள் பலவற்றில் அம்மி அரைத்ததும் பாத்திரம் துலக்கியதும் மலையகத் தோட்டங்களிலிருந்து சிறு வயதில் கொண்டுவரப்பட்ட ஏழைச் சிறுமிகளின் கைகள் அல்லவா? உண்டவரின் நினைவில் தாயின் முகம் நிலைத்திருக்கிறது. அந்தச் சிறுமியின் பெயர்கூட நிலைக்கவில்லை.

அந்தச் சமையலுக்குச் சாதியும் காவல் நின்றது. யாருடைய கை பானையைத் தொடலாம், யார் வாசலுக்குள் வரலாம், யார் முற்றத்தில் குந்தியிருந்து கையேந்த வேண்டும் என்ற சட்டங்களையெல்லாம் எழுதி வைத்திருந்த இடம் வீட்டு அடுப்படியே. அதனால்தான் வீட்டுக்கு வெளியே உண்பதும் குடிப்பதும் இம்மண்ணில் ஒரு போராட்டக் கோரிக்கையாயிற்று. தேநீர்க் கடையிலும் தனிக் குவளையும் போத்தலும் வைத்து மனிதரைப் பிரித்தார்கள். 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் ஏட்டில் இருந்தது. கடை வாங்கிலோ ஏறி அமர முடியவில்லை. 1966 ஒக்டோபர் 21ஆந் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட ஊர்வலமும், அதன் பின்னர்த் தேநீர்க் கடைகளிலும் கோயில் வாசல்களிலும் நடந்த போராட்டங்களும் அந்த உரிமைக்காகவே. உயிர்களும் பலியாயின. சக மனிதனோடு சமமாக அமர்ந்து ஒரு குவளை தேநீர் அருந்தும் உரிமைக்கு இரத்தம் சிந்திய மண்ணில், கடையுணவு முழுவதையும் பண்பாட்டுச் சீரழிவென்று ஒரே வீச்சில் எழுதிவிட எவருக்கும் உரிமையில்லை.

அப்படியாயின் பேரங்காடியே விடுதலையா? பொட்டலம் சாதி கேட்பதில்லை, உண்மை. ஆனால் அது காசு கேட்கிறது. காசில்லாதவனை வெளியே நிறுத்தத் தனிக் குவளை தேவையில்லை. விலைச் சீட்டே போதும். விளம்பரம், நேரத்தை மிச்சம் பிடித்துத் தருவதாகப் பெண்ணுக்கு வாக்களிக்கிறது. எந்தப் பெண்ணுக்கு? அதிகாலையில் எழுந்து காலையுணவும் மதியச் சோறும் ஆக்கி, பிள்ளைகளை அனுப்பி, பஸ் பிடித்துப் பாடசாலைக்கு ஓடும் ஆசிரியைக்கு அந்த அரை மணி நேரம் பெரும் பேறுதான். அவள் பொட்டலத்தை நாடுவதைப் பழிப்பவர், அவளது அதிகாலையைப் பங்கிட்டுக்கொள்ள முன்வந்ததுண்டா? ஆனால் அதே சாமத்தில் வேறொரு குடிசையில், போரில் கணவனை இழந்த ஒருத்தி கடைகளுக்குக் கொடுப்பதற்காக இடியப்பம் பிழிந்துகொண்டிருக்கிறாள். அவள் பிழிவதும் வீட்டுச் சமையலே. ஆனால் எண்ணிக்கைக்குக் கூலி. ஆலைப் பொட்டலத்தோடு அவள் விலையிற் போட்டியிட வேண்டியிருக்கிறது. ஒருத்தியின் அரை மணி ஓய்வு மற்றொருத்தியின் வயிற்றில் அடிக்கும்படி அமைந்திருப்பதே இச்சமுதாய ஏற்பாட்டின் கொடுமை.

மரபின் துதிபாடிகளும் பேரங்காடியின் விளம்பரகாரரும் ஒருவருக்கொருவர் எதிரிகள்போலத் தோன்றுவர். உண்மையில் இருவரும் ஒரு விஷயத்தில் ஒன்றுபட்டவர்கள். சமையல் பெண்ணின் கடமை; அவ்வுழைப்புக்கு விலையில்லை. முன்னவர் அவளைத் தெய்வமாக்கி அடுப்படியில் இருத்துகிறார். பின்னவர் அவளை நுகர்வோராக்கி அங்காடிக்கு அழைக்கிறார். ஆண் இருவரது சித்திரத்திலும் கையலம்பிவிட்டு இலைமுன் அமர்ந்திருக்கிறான்.

இதை 2022ஆம் ஆண்டு அம்பலப்படுத்திற்று. நாட்டின் கருவூலம் வரண்டு, எரிவாயுவும் மண்ணெண்ணெயும் கிடையாமற் போயின. அவ்வாண்டு செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தைத் தொட்டது. வீடுகளில் விறகடுப்பு மீண்டும் எரிந்தது. நமது கட்டுரையாளர்கள் ஏங்கிய பழைய அடுப்படி திரும்பி வந்தது; கூடவே புகையும் இருமலும், விறகு பொறுக்கும் சுமையும் வந்தன. அந்த அடுப்பு எவரும் விரும்பி மூட்டியதல்ல. வேறு வழியின்மை மூட்டியது. 1990இல் விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையின் கீழும் இதே கதைதான். இல்லாமையைச் சமாளித்த பெண்களின் திறமைக்கு நாம் தலைவணங்குகிறோம். இல்லாமையை மரபென்று கொண்டாட மறுக்கிறோம்.

ஆச்சியின் புகைக்கும் கம்பனியின் பொட்டலத்துக்கும் அப்பால் மூன்றாவது வழியொன்று உண்டு. பொது உணவுச்சாலைகளும் குழந்தைக் காப்பகங்களும் பெண்ணை வீட்டடிமைத்தனத்திலிருந்து விடுவிக்கும் புதிய சமுதாயத்தின் முளைகள் என்று லெனின் 1919இலேயே எழுதினார். பெரு நாட்டின் தலைநகர் லீமாவில், ஏழைப் பெண்கள் கூடி நடத்திய மக்கள் சமையற்கூடங்கள் நெருக்கடிக் காலங்களில் குடிசைப் பகுதிகளுக்குச் சோறிட்டன. சென்னையில் 2013இல் தொடங்கிய அம்மா உணவகங்கள், ஒரு ரூபாய்க்கு இட்டிலி தந்து, நகரத் தொழிலாளியின் பசியை ஆற்றின. அங்கும் அடுப்பின்முன் நின்றவர் பெண்களே, ஊதியமும் சொற்பமே என்பதை மறைக்க வேண்டியதில்லை. குறையைத் திருத்திப் பாடத்தைக் கொள்வோம்.

நமக்கு இது அந்நியமான எண்ணமன்று. மூளாயில் மக்கள் கூடிக் கூட்டுறவு வைத்தியசாலையை நடத்திக் காட்டிய குடாநாடு இது. உணவமைச்சராயிருந்த பிலிப் குணவர்த்தன 1957இல் தொடக்கிவைத்த பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களின் கடைகள் நம் கிராமங்களில் இன்றும் உள்ளன. அவற்றின் கூரையின் கீழ் ஒரு சமையற்கூடம் ஏன் எழலாகாது? ஊர்த் தோட்டத்துக் காய்கறியும் கரையோரத்து மீனும் அங்கு வரட்டும். இடியப்பம் பிழியும் பெண் கூலியாளாகவன்றி அங்கத்தவராக, இலாபத்தில் உரிமையோடு அமரட்டும். ஆசிரியை மாலையில் நியாய விலைக்குப் பிட்டும் சம்பலும் வாங்கிச் செல்லட்டும். ஆணும் அங்கே அகப்பை பிடிக்கட்டும். எல்லாச் சாதியாரும் ஒரே பானையிலிருந்து உண்ணட்டும்.

நமது எழுத்தாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். கூழின் சுவையை எழுதியது போதும். கூழ் காய்ச்சியவளின் நாளை எழுதுங்கள். அவளிடமே பேனாவைக் கொடுத்தால் இன்னும் நன்று. அவள் எழுதும் சமையலில் மணம் குறைவாயிருக்கலாம், கணக்கு இருக்கும்.

சமத்துவம்பற்றி வகுப்பறையிலும் மேடையிலும் பேசும் நாமும் நம்மைக் கேட்டுக்கொள்வோம். கூட்டம் முடிந்து இரவில் வீடு திரும்பும்போது மூடிவைத்த சோறு நமக்காகக் காத்திருக்கிறது. அதை ஆக்கியவள் உண்டாளா என்று நாம் எத்தனை நாள் கேட்டோம்? உண்ட கோப்பையை நாமே எழுந்து கழுவியது எத்தனை நாள்? விமர்சனம் அங்கிருந்தே தொடங்க வேண்டும்.