அயலவரின் கண்ணீரும் அயலவரின் கடமையும்

2025 ஜூன் கடைசியில் செம்மணியில் 'அணையா விளக்கு' போராட்டம் நடந்தபோது நானும் போயிருந்தேன். அரியாலை சித்துப்பாத்தி மயானத்தில், கட்டட வேலைக்காக அந்த ஆண்டு பெப்ரவரியில் மண்ணை வெட்டியபோது மனித எலும்புகள் வெளிப்பட்டன. நீதிமன்றக் கண்காணிப்பில் அகழ்வு நடந்தது. செப்டம்பர் முடிவதற்குள் இருநூறுக்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் அடையாளம் காணப்பட்டன. குழந்தைகளும் அவற்றில் இருந்தார்கள். ஒரு பாடசாலைப் பையும் ஒரு பொம்மையும்கூட மண்ணுக்குள் கிடந்தன.

புத்தளத்திலிருந்து புறப்படும்போது நண்பர் ஒருவர் கேட்டார்: "எங்கட ஆக்கள ரெண்டு மணித்தியாலத்துல விரட்டினப்ப வாய் திறக்காதவங்க. அவங்கட எலும்புக்கு நீங்க ஏன் விளக்குப் பிடிக்கப் போறீங்க?" நியாயமில்லாத கேள்வி என்று தள்ளிவிட முடியவில்லை. அந்த இடத்தில் பதிலும் வரவில்லை.

1990 ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாண முஸ்லிம்களை ஒலிபெருக்கியில் ஜின்னா மைதானத்துக்கு அழைத்து, வெளியேறும்படி விடுதலைப் புலிகள் கட்டளையிட்டதை இந்த இதழின் வாசகர்களுக்கு நான் விவரிக்கத் தேவையில்லை. வடக்கின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் சுமார் 75,000 பேர் அந்த மாதத்தில் வேரோடு பிடுங்கப்பட்டார்கள். பேராசிரியர் எஸ்.எச். ஹஸ்புல்லாஹ் இதற்காகவே தம் ஆய்வு வாழ்வின் பெரும்பகுதியைச் செலவிட்டார். 2011இல் பிரஜைகள் ஆணைக்குழுவின் அறிக்கையும் வந்தது. கவிதை, சிறுகதை, நினைவுக் குறிப்பு என்று நம்மவர்கள் எழுதியதும் கொஞ்சமல்ல.

இந்த எழுத்துகளைத் தொடர்ந்து வாசிக்கும்போது ஒரு குறை கண்ணில் படுகிறது. அயலவர் பெரும்பாலும் ஒரே கோலத்தில்தான் வருகிறார்: வாசலில் நின்று அழுகிறார். அவர் அழுததோடு அவருடைய பாத்திரம் முடிந்துவிடுகிறது. அழுததற்காக அவரை மன்னிக்கிறோம், அல்லது அழுததைத் தவிர எதுவும் செய்யவில்லை என்று கோபப்படுகிறோம். அவர் என்ன செய்திருக்க முடியும், பிறகு என்ன செய்தார் என்ற கேள்விக்குள் நம் எழுத்து போவதில்லை.

நான் இதை என் வீட்டிலேயே கண்டேன். பக்கத்து வீட்டு மாமி மதிலைப் பிடித்துக்கொண்டு அழுததை உம்மா நூறு தடவை சொல்லியிருப்பா. இன்னொரு விஷயத்தை நான் துருவிக் கேட்டபிறகுதான் சொன்னா. சோதனையில் பறிபோகும் என்று பயந்து காணி உறுதியை உம்மா மதிலுக்கு மேலால் அந்த மாமியிடம் கொடுத்திருக்கிறா. மாமி அதை ஒரு பிஸ்கட் டின்னுக்குள் வைத்திருக்கிறா. சரியாக ஐந்து வருடம் கழித்து, 1995 ஒக்டோபர் 30 அன்று, வலிகாமத்துத் தமிழ் மக்கள் இலட்சக்கணக்கில் இடம்பெயர நேர்ந்தது. இதே அரியாலை வழியாக, கண்டி வீதியில், நாவற்குழிப் பாலத்தை நோக்கி அவர்கள் நடந்தார்கள். அந்தச் சனத்துக்குள் எங்கள் உறுதியும் மாமியின் பைக்குள் போயிருக்கிறது. 2002இல் பாதை திறந்து உம்மா போனபோது, டின்னோடு திரும்பக் கிடைத்தது. "அதெல்லாம் என்ன பெரிய கதையா மகன்" என்கிறா உம்மா. எனக்கோ அதுதான் பெரிய கதை. அகப்பட்டிருந்தால் மாமி யாருக்கோ பதில் சொல்லியிருக்க வேண்டும்.

செம்மணிக்கும் இப்படியொரு மறந்துபோன அயலவர் இருக்கிறார். 1996 செப்டம்பர் 7 அன்று பரீட்சை எழுதிவிட்டு வீடு திரும்பிய மாணவி கிருஷாந்தி குமாரசுவாமியைச் செம்மணிச் சோதனைச் சாவடியில் இராணுவத்தினர் மறித்தார்கள். தேடிப்போன தாயும் தம்பியும் கொல்லப்பட்டார்கள். அவர்களோடு துணைக்குப் போன அயலவர் ஒருவரும் கொல்லப்பட்டார். அந்த வழக்கில் தண்டிக்கப்பட்ட சிப்பாய் ஒருவரே 1998 ஜூலையில், செம்மணியில் 300 முதல் 400 சடலங்கள் புதைக்கப்பட்டதாக நீதிமன்றத்தில் சொன்னார். அடுத்த வருடம் தோண்டியதில் 15 உடல்கள் கிடைத்தன. கிருஷாந்தியின் பெயர் எல்லோருக்கும் தெரியும். 'வாங்கோ, நானும் வாறன்' என்று கிளம்பியிருக்கக்கூடிய அந்த மனிதரைப் பற்றி யார் எழுதினார்கள்?

தீமையைக் கண்டவர் கையால் தடுக்கட்டும், இயலாவிட்டால் நாவால், அதுவும் இயலாவிட்டால் உள்ளத்தால் என்ற கருத்துள்ள ஹதீஸ் நாம் அறிந்தது. அதைப் பெரும்பாலும் சலுகையாகவே வாசிக்கிறோம். எனக்கு அது ஒரு கணக்காகப் படுகிறது: ஆற்றல் எவ்வளவோ, கடமையும் அவ்வளவு. ஸ்ரெப்ரெனிகா முஸ்லிம்களின் படுகொலை குறித்து 2007இல் சர்வதேச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோதும் இதே அளவுகோலைத்தான் எடுத்தது. கொன்றவர்கள் மேல் செல்வாக்குச் செலுத்தும் ஆற்றல் இருந்தும் தடுக்க முயலாததால் சேர்பியா கடமை தவறியது என்றது.

இந்தக் கணக்கை 1990க்குப் போட்டுப் பார்ப்போம். அதற்கு ஒரு வருடம் முன்பு, 1989 செப்டம்பர் 21 அன்று, 'முறிந்த பனை' நூலாசிரியர்களில் ஒருவரான ரஜனி திராணகம யாழ்ப்பாணத்தில் வீதியிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். பேசினால் என்ன நடக்கும் என்று ஊருக்கே தெரிந்திருந்தது. அந்தச் சூழலில் சாதாரண அயலவரிடம் கையை எதிர்பார்ப்பது நீதியல்ல. நாவும் அப்படித்தான். உறுதியைக் காத்த மாமி தன் ஆற்றலுக்கு மேலேயே செய்திருக்கிறா.

ஆனால் 2009க்குப் பிறகு அந்தத் துப்பாக்கி இல்லை. அப்போதும் பேசாதவர்களுக்கு 1990இன் மன்னிப்பு செல்லாது. எம்.ஏ. சுமந்திரன் போன்ற சிலர் அதை இனச்சுத்திகரிப்பு என்று வெளிப்படையாகச் சொன்னார்கள், அதற்காகச் சொந்தச் சமூகத்திலேயே ஏச்சும் வாங்கினார்கள். தமக்கு நடந்ததை இனப்படுகொலை என்று உலகத்திடம் சொல்லும் தமிழ் அரசியலில் பெரும்பகுதி, நமக்கு நடந்ததை 'துன்பியல் சம்பவம்' என்ற அளவில் நிறுத்திக்கொண்டது. இந்த விமர்சனத்தை நான் விளக்குப் பிடித்த கையோடேயே வைக்கிறேன்.

அதே கணக்கு நம்மையும் கேட்கும். காத்தான்குடிப் பள்ளிகளில் தொழுதுகொண்டிருந்தவர்கள் 1990 ஆகஸ்ட் 3 அன்று கொல்லப்பட்டதை ஆண்டுதோறும் நினைவுகூர்கிறோம், நினைவுகூரவே வேண்டும். ஒன்பது நாள் கழித்து வீரமுனையில், கோவிலில் தஞ்சம் புகுந்திருந்த தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். அதில் ஊர்காவல் படையிலிருந்த முஸ்லிம்களுக்கும் பங்குண்டு என்பது உயிர்தப்பியவர்களின் குற்றச்சாட்டு. இதை நம் இலக்கியம் எத்தனை பக்கம் எழுதியிருக்கிறது? அநியாயக்காரச் சகோதரனுக்கும் உதவு, அவன் கையைப் பிடித்துத் தடுப்பதே அந்த உதவி என்ற நபிமொழி இங்கேதான் நமக்குத் தேவைப்பட்டது.

நபியவர்கள் (ஸல்) நுபுவ்வத்துக்கு முன்பு கலந்துகொண்ட ஹில்புல் புழூல் உடன்படிக்கை, மக்காவில் ஏமாற்றப்பட்ட ஒரு வெளியூர் வியாபாரிக்காக எழுந்தது. அவர் எந்தக் கோத்திரம் என்பது அங்கே பிரச்சினையாகவில்லை. இஸ்லாம் வந்த பின்னும் அப்படியொன்றுக்கு அழைத்தால் இணங்குவேன் என்றார்கள். ஹபஷாவில் முதல் முஸ்லிம் அகதிகளைக் காத்தவர் ஒரு கிறிஸ்தவ மன்னர். பாதுகாப்பு என்பது நம் மரபில் தொடக்கத்திலிருந்தே அந்நியருக்கும் உரியது. காஸாவுக்காகக் குனூத் ஓதும் நாவு அரியாலையில் அடங்கிப்போனால், நாம் அழுவது அநீதிக்காகவா, உறவுக்காகவா?

1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது 'புத்தரின் படுகொலை' எழுதியவர், கல்முனைக்குடியில் பிறந்து யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கற்பித்துக்கொண்டிருந்த எம்.ஏ. நுஃமான். அது யாருடைய நூலகம் என்று அவர் கணக்குப் பார்க்கவில்லை. பத்து வருடம் நிறையுமுன்னே அந்த நகரத்தில் முஸ்லிம்களே இல்லாமல் போனார்கள். அதனால் அந்தக் கவிதை பிழையாகிவிடவில்லை.

நண்பருக்கு என் பதில் இவ்வளவுதான். காப்பாற்றும் நேரம் தவறிப்போனாலும் கடமை முடிவதில்லை, சாட்சி சொல்வது மிச்சமிருக்கிறது. அவர்கள் எங்களுக்காகச் சொல்லத் தவறினார்கள் என்பதால் நானும் தவறினால், தவறு இரண்டாகும். அடுத்த முறை வரும்போது அந்த மாமியையும் பார்த்துவிட்டு வருவோம், வாங்க. அவ சொல்லுறத யாராவது எழுதி வைக்க வேண்டும்.