வந்த வழியே திரும்பு: செல்டாவின் ‘ரீகால்’ திறனைப் பழகுவது எப்படி?

‘தி லெஜண்ட் ஆஃப் செல்டா: டியர்ஸ் ஆஃப் தி கிங்டம்’ 2023 மே 12 அன்று நின்டெண்டோ ஸ்விட்ச்சில் வெளியானபோது எல்லோரும் பேசியது அல்ட்ராஹேண்ட் பற்றித்தான். பலகை, சக்கரம், விசிறி, ராக்கெட் என்று கிடைத்ததையெல்லாம் ஒட்டிப் பறக்கும் வண்டி செய்து காட்டிய வீடியோக்கள் அப்போது எங்கு பார்த்தாலும் ஓடின. அந்த ஆரவாரத்தில் இன்னொரு திறன் பின்னுக்குப் போய்விட்டது. அதன் பெயர் ரீகால். நகர்ந்த ஒரு பொருளை, அது வந்த வழியே திரும்பிப் போகச் செய்வது அதன் வேலை. கேட்கும்போது சின்ன விஷயமாகத்தான் தெரியும். லிஃப்ட், படகு, பாலம், கேடயம், பீரங்கி என்று ஐந்து வேலைக்கும் இது ஒன்றே போதும் என்பது ஆடி ஆடித்தான் புரியும். கதாநாயகன் லிங்க்குக்குத் தொடக்கத்தில் கிடைக்கும் நான்கு திறன்களில் பழகச் சிரமமானது இதுதான். பழகியபின் அதிகம் கைகொடுப்பதும் இதுதான் என்று உறுதியாகச் சொல்வேன்.

இதன் அருமை நின்டெண்டோவுக்கு முதலிலிருந்தே தெரிந்திருக்கிறது. கேம் வருவதற்கு முன்பு, 2023 மார்ச் 28 அன்று தயாரிப்பாளர் ஏய்ஜி அவோனுமா தானே ஆடிக்காட்டிய விளக்க வீடியோவில் முதலில் வந்த திறன் ரீகால்தான். வானத்திலிருந்து ஒரு பாறை தரையில் வந்து விழுகிறது. லிங்க் அதன் மேல் ஏறி நின்று ரீகாலைப் போட்டதும், பாறை விழுந்த பாதையிலேயே மேலே கிளம்புகிறது. மேகத்துக்கு நடுவே மிதக்கும் தீவுகள் கண்ணெதிரே வருகின்றன. வாகனமும் எரிபொருளும் இல்லாமல் தரையிலிருந்து வானத்துக்கு ஒரு பயணம். இந்த கேமின் உலகம் வானம், தரை, பாதாளம் என்று மூன்று அடுக்கு. அவற்றில் தரையிலிருந்து வானத்துக்கு ஏற இவ்வளவு எளிய வழியை ஒரு விழுந்த கல்லுக்குள் வைத்திருக்கிறார்கள்.

காலத்தைத் திருப்புவது வீடியோ கேம்களுக்குப் புதிது இல்லை. யூபிசாஃப்ட் 2003-இல் வெளியிட்ட ‘பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா: தி சாண்ட்ஸ் ஆஃப் டைம்’ கேமில் தவறிக் குதித்த இளவரசன் சில நொடிகள் பின்னால் போய் மறுபடி குதிக்கலாம். ஜோனதன் ப்ளோ 2008-இல் கொண்டுவந்த ‘பிரெய்ட்’ அந்த யோசனையைப் புதிர்களாக வளர்த்தது. அவற்றில் காலம் திரும்பும்போது ஆடுபவரும் சேர்ந்தே திரும்புவார். செய்த பிழையை அழித்துக்கொள்ளத்தான் அந்தச் சக்தி பெரும்பாலும் பயன்பட்டது. ரீகால் அப்படி இல்லை. ஒரே ஒரு பொருளுக்கு மட்டும் காலம் பின்னால் ஓடும். லிங்க்குக்கும், எதிரிகளுக்கும், ஆற்று நீருக்கும், காற்றுக்கும் அது வழக்கம்போல் முன்னால்தான் ஓடும். அந்தப் பொருளின் மேல் நாம் ஏறி நிற்கலாம் என்பதால்தான் பின்னோக்கிய காலம் நமக்கு வாகனமாகிறது. முந்தைய கேமான ‘பிரெத் ஆஃப் தி வைல்ட்’-இல் இருந்த ஸ்டாசிஸ் ஒரு பொருளை உறைய வைக்கும். ரீகாலை அதன் வாரிசு என்று சொல்லலாம். ஆனால் அதைவிடப் பல மடங்கு பயனுள்ள வாரிசு.

இயக்கும் முறை எளிது. எல் பட்டனை அழுத்திப் பிடித்தால் திறன்களின் வட்டம் விரியும். வலது ஸ்டிக்கால் ரீகாலைத் தேர்ந்துகொண்டு, மறுபடி எல் அழுத்தினால் உலகம் அப்படியே நின்றுவிடும். நிறங்கள் மங்கி, திருப்பக்கூடிய பொருள்கள் மட்டும் மஞ்சளாக ஒளிரும். ஒரு பொருளின் மேல் குறியை வைத்ததும் அது எந்தப் பாதையில் வந்தது என்பது கோடாகத் தெரியும். ஏ பட்டனை அழுத்தினால் பொருள் கிளம்பிவிடும். வேண்டாம் என்றால் பாதி வழியிலேயே நிறுத்திக்கொள்ளலாம். உயிருள்ளவற்றின் மேல் இது வேலை செய்யாது. எதிரியைத் திருப்ப முடியாது, எதிரி எறிந்ததைத் திருப்பலாம். விசிறி போன்ற ஜோனாய் சாதனங்களைப் போல இதற்கு பேட்டரி செலவும் கிடையாது.

உலகமே நின்று காத்திருப்பதால் இதில் விரல் வேகத்துக்கு வேலை குறைவு. பிறகு எங்கே சிரமம்? யோசிக்கும் முறையில்தான். ஆக்‌ஷன் கேம்களை ஆடிப் பழகிய மனசு, இந்தப் பொருளை அடுத்து எங்கே நகர்த்தலாம் என்றே யோசிக்கும். ரீகாலுக்கு, இது இதற்கு முன் எங்கே இருந்தது என்று யோசிக்க வேண்டும். கேமின் ஆரம்பப் பாடம் இந்த முதல் படியை அருமையாகக் கற்றுக்கொடுக்கிறது. ஆரம்பத் தீவான கிரேட் ஸ்கை ஐலண்டில் மூன்று கோயில்களை முடித்துவிட்டுக் காலக் கோயிலுக்குப் போகும்போது ரீகால் கைக்கு வருகிறது. கதையில் இது அரசி சோனியாவின் காலசக்தியோடு தொடர்புடையது. அதற்கு மேல் சொன்னால் கதையைக் கெடுத்ததாகிவிடும். உடனே லிங்க், தான் முதன்முதலில் கண்விழித்த அறைப் பக்கம் திரும்ப வேண்டும். அங்கே பெரிய பற்சக்கரங்கள் சுற்றிக்கொண்டிருக்கும். அவற்றின் பல்லில் ஏறி நின்றால் நமக்கு வேண்டாத திசைக்கே கொண்டுபோகும். ரீகால் போட்டதும் அதே சக்கரம் எதிர்த்திசையில் சுற்றி நம்மை மேலே ஏற்றிவிடும். அதன்பின் வரும் நாச்சோயா கோயிலில் நீரோட்டத்தில் மிதந்துவரும் தெப்பத்தின் மேல் நின்று நீரை எதிர்த்துப் போகலாம்.

பாடம் அதோடு முடிந்துவிடுகிறது. இதுதான் என் முதல் குறை. ஏற்கெனவே தானாக நகர்ந்துகொண்டிருக்கும் பொருளைத் திருப்புவதை மட்டுமே கேம் சொல்லித்தருகிறது. நகராமல் கிடக்கும் பொருளை என்ன செய்வது என்பதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ரீகாலின் உண்மையான பலம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. கிடக்கிற பொருளுக்கு நாமே ஒரு கடந்த காலத்தை உண்டாக்கிக் கொடுக்கலாம்.

ஒரு பலகையை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் முன்னால் நிற்கும் சுவர் ஏறவே முடியாத உயரம். அல்ட்ராஹேண்டால் பலகையைப் பிடித்து, வலது ஸ்டிக்கை மேலே தள்ளி, எட்டும் வரைக்கும் உயர்த்துங்கள். அங்கே ஓரிரு நொடி அப்படியே பிடித்து வையுங்கள். பிறகு நிதானமாகத் தரைக்கு இறக்கிக் கையை விடுங்கள். இப்போது அந்தப் பலகைக்கு மேலிருந்து கீழே வந்த ஒரு வரலாறு கிடைத்துவிட்டது. அதன் நடுவில் ஏறி நின்று ரீகால் போட்டால் பலகை உங்களைச் சுமந்துகொண்டு மேலே போகும். புவியீர்ப்பு அதை இழுக்காது. உச்சியில் நீங்கள் பிடித்து வைத்திருந்த நேரம்தான் சுவருக்குத் தாவ உங்களுக்குக் கிடைக்கும் அவகாசம். ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். தூக்கும்போது ஆர் பட்டனைப் பிடித்துப் பலகையைச் சுழற்றினால் அந்தச் சுழற்சியும் வரலாற்றில் பதிவாகிவிடும். திரும்பிப் போகும்போது பலகை அதே மாதிரி சாய்ந்து உங்களைத் தள்ளிவிடும். தட்டையாக ஏற்றித் தட்டையாக இறக்க வேண்டும்.

இதையே கிடைமட்டமாகவும் செய்யலாம். பள்ளத்தின் ஓரத்தில் நின்றுகொண்டு, அல்ட்ராஹேண்டில் பிடித்த பலகையை மேல் திசை பட்டனால் முடிந்த மட்டும் முன்னால் தள்ளுங்கள். பிறகு கீழ் திசை பட்டனால் உங்கள் பக்கம் இழுத்து வைத்து, ஏறி நின்று ரீகால் போடுங்கள். பலகை நடு வெளிக்குப் போய்விடும். அங்கிருந்து பாராகிளைடரை விரித்தால் எதிர்க்கரை. நீளமான பாலம் கட்ட மரம் தேட வேண்டாம். மலையேற்றத்தில் ஸ்டாமினா வட்டம் காலியாகிவிடும் என்ற பயமும் இல்லை. மழை பெய்யும்போது பாறையில் கை வழுக்கும் என்பதால் மழை நின்று தொலையட்டும் என்று காத்திருந்தவர்களுக்கு இந்தப் பலகை லிஃப்ட் பெரிய விடுதலை.

தொலைந்துபோனதை மீட்பதற்கும் இது நல்ல வழி. பாடுபட்டு ஒட்டிய வண்டி சரிவில் உருண்டு ஓடிவிட்டதா? பெட்டி ஆற்றோடு போய்விட்டதா? கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருக்கும்போதே ரீகாலைப் போட்டால் அது புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும். தாமதம் மட்டும் கூடாது. பொருள்களின் நினைவு இங்கே கொஞ்ச நேரத்துக்குத்தான். வானத்திலிருந்து விழும் பாறைக்கும் இதே விதி. விழுந்த சத்தம் கேட்டதும் ஓடுங்கள்.

சண்டையில் ரீகாலைப் பயன்படுத்துவதுதான் எனக்கு இந்த கேமில் மிகப் பிடித்த விஷயம். மேட்டின் மேலிருந்து போகோப்ளின் என்ற எதிரிகள் உருட்டிவிடும் பாறையை ஒதுங்கித் தப்பிக்கலாம், அல்லது நின்று அதை அவர்களிடமே அனுப்பலாம். ஸ்டோன் டேலஸ் என்ற மலை உருவ எதிரியோடு மோதும்போது இதன் ருசி முழுதாகத் தெரியும். அது தன் கல் கையையே கழற்றி எறியும். புதிதாக ஆடுபவர்கள் அந்த நேரத்தில் உருண்டு விலகுவார்கள். பழகியவர்கள் கல் தரையில் மோதும் வரை பொறுத்திருந்து, ரீகாலைப் போட்டு, வந்த கோட்டிலேயே திருப்பிவிடுவார்கள். இங்கே நேரம்தான் முக்கியம். கல் கிளம்பிய உடனே திருப்பினால் அதற்குப் பாதையே இருக்காது. பாதை நீளட்டும், பிறகு திருப்புங்கள். எதிரி எறியும்வரை காத்திருக்கும் பொறுமை வந்துவிட்டால் அம்பும் வாளும் மிச்சமாகும். ஆயுதங்கள் சீக்கிரம் உடைந்துபோகும் இந்த கேமில் அது சின்ன லாபம் அல்ல.

இத்தனையும் நம்பகமாக வேலை செய்கிறது என்பதில்தான் இதை உருவாக்கியவர்களின் உழைப்பு தெரிகிறது. 2024 மார்ச்சில் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த கேம் டெவலப்பர்ஸ் கான்ஃபரன்ஸில் தொழில்நுட்ப இயக்குநர் தாகுஹிரோ டோட்டாவும், இயற்பியல் பொறியாளர் தகாஹிரோ தகாயமாவும் இதைப் பற்றி விளக்கினார்கள். கதவு, பற்சக்கரம் போன்ற சிலவற்றை அனிமேஷனால் மட்டும் அசையவிட்டு, மற்றவற்றை இயற்பியல் விதிப்படி அசையவிட்டால் இரண்டும் மோதும் இடத்தில் எல்லாம் குலைந்துபோகும். அதனால் விதிவிலக்கே இல்லாமல் எல்லாப் பொருளையும் இயற்பியல் விதிக்குள் கொண்டுவந்தார்கள். நாம் ஆடும்போது இதன் பலன் நேரடியாகத் தெரிகிறது. ‘இது அலங்காரப் பொருள், இதில் வேலை செய்யாது’ என்று கேம் நம் கையைத் தட்டிவிடும் இடங்கள் மிகக் குறைவு. உருளும் முள் உருண்டை, மிதக்கும் மரக்கட்டை, சுற்றும் சக்கரம் எல்லாவற்றுக்கும் ஒரே விதி. ஒரு முறை ஓரிடத்தில் கற்றுக்கொண்டது 152 கோயில்களிலும் செல்லும்.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். ஒரே நேரத்தில் ஒரு பொருளைத்தான் திருப்பலாம் என்பதை நான் குறையாகக் கருதவில்லை. அந்தக் கட்டுப்பாடுதான் நம்மை யோசிக்க வைக்கிறது. ஆனால் நெருக்கமாகக் கிடக்கும் கற்களுக்கும் பலகைகளுக்கும் நடுவே வேண்டியதன் மேல் குறியை நிறுத்துவது பாடாக இருக்கிறது. தூரத்திலுள்ள சின்னப் பொருள் என்றால் இன்னும் மோசம். அல்ட்ராஹேண்டிலிருந்து ரீகாலுக்கு மாற ஒவ்வொரு முறையும் எல் வட்டத்தைத் திறக்க வேண்டியிருப்பதும் அலுப்பு. இந்த இரண்டு திறன்களும் மாறிமாறித் தேவைப்படுபவை. கடைசியாகப் பயன்படுத்திய இரண்டுக்கும் இடையே ஒரே அழுத்தில் தாவ ஒரு வசதி கொடுத்திருக்கலாம். பழைய ஸ்விட்ச்சில் இந்த கேம் நொடிக்கு 30 ஃபிரேமில் ஓடும். அல்ட்ராஹேண்டை இயக்கும்போது சில இடங்களில் அதற்கும் கீழே இறங்கித் திணறும். 2025 ஜூன் 5 அன்று ஸ்விட்ச் 2 உடன் வந்த புதிய பதிப்பு 60 ஃபிரேமில் ஓடுகிறது. வேகமாக வரும் கல்லை அதில் கண்ணால் பின்தொடர்வது எளிது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இருப்பவர்கள் யோசிக்காமல் புதியதை எடுக்கலாம். பழைய கன்சோல் மட்டும் வைத்திருப்பவர்கள் இதற்காகக் கேமைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. உலகம் நின்ற பிறகே தேர்வு நடப்பதால் ரீகாலுக்கு அந்தத் திணறல் பெரிய இடைஞ்சல் ஆகாது.

வண்டி, விமானம் கட்டுவதில் ஆர்வம் இல்லாதவர்கள், ‘இது இன்ஜினியர்களுக்கான கேம்’ என்று பயந்து ஒதுங்கியவர்கள், கை வேகம் குறைந்தவர்கள் எல்லோருக்கும் நான் சிபாரிசு செய்வது இதைத்தான். ரீகாலை நம்பி ஆடினால் கட்டும் வேலை பாதியாகக் குறையும். கிரேட் ஸ்கை ஐலண்டை விட்டுத் தரைக்குக் குதிக்கும் முன் ஒரு பலகையை எடுத்து ஏற்றி, இறக்கி, அதன் மேல் நின்று திருப்பிப் பாருங்கள். அங்கே அவசரப்படுத்த யாரும் இல்லை. கை பழகிய பிறகு இறங்குங்கள்.