குற்றமற்ற நூலும் கறையான் தின்ற ஏடும்

குற்றமற்ற ஒன்றையே வெளியிடவேண்டும் என்னும் விருப்பம் எழுதுவோர் யாவர்க்கும் உரியது. அவ்விருப்பத்தைக் குறைகூறுவது நமது நோக்கமன்று. ஆயின், அஃது எல்லை கடக்கும்போது எழுதுவோனின் கையைக் கட்டிவிடுகிறது. எழுதியதைத் திரும்பத் திரும்ப அழித்து, ஈற்றில் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிடும் ஆசிரியர்களையும், பிழை நேருமோ என்றஞ்சி வகுப்பில் வாய்திறவா மாணவரையும் நாம் அறிவோம். இதனை அடக்கம் எனப் போற்றுவாருளர். அடக்கந்தானா, அன்றித் தம் பெயருக்கு இழுக்கு வருமோ என்னும் அச்சமா என்பதே நமது வினா. இவ்வினாவை ஆராய்வதற்கு நமது பதிப்பு வரலாற்றிலிருந்தே ஒரு நூலை எடுத்துக்கொள்வோம். அது 1885இல் சி. வை. தாமோதரம்பிள்ளை வெளியிட்ட தொல்காப்பியப் பொருளதிகாரம்.

யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் 1832இல் பிறந்த தாமோதரம்பிள்ளை, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவர். தமிழகத்தில் அரசாங்க உத்தியோகம் பார்த்துக்கொண்டே பழந்தமிழ் நூல்களைத் தேடி அச்சேற்றியவர். அவர் காலத்தில் பொருளதிகாரத்தைக் கற்பாரும் கற்பிப்பாரும் அருகியிருந்தனர். கிடைத்த ஏடுகளோ மிகச் சில. அவையும் கறையானுக்கு இரையாகி, தொட்டால் ஒடியும் நிலையிலிருந்தன. ஏடெழுதினோரின் கைப்பிழைகளும் அவற்றில் மலிந்திருந்தன. நல்ல பிரதி கிடைக்கும்வரை காத்திருப்பதே முறை என்று அறிஞர் ஒருவர் கூறியிருந்தால் அதனை எளிதில் மறுத்தல் இயலாது. ஆனால், அறிஞர் காத்திருக்கலாம், கறையான் காத்திராது. இவ்வுண்மையை உணர்ந்தே தாமோதரம்பிள்ளை துணிந்தார். பெரும் புலமைப் பட்டங்களைத் தாம் சுமக்கவில்லை என்பதையே தமது துணிவுக்குக் காரணமாக அவர் பதிப்புரையிற் கூறியமை ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

இதனை ஆறுமுக நாவலரின் பதிப்புப் பணியோடு ஒப்புநோக்குவது பயன்தரும். பிழையற்ற பதிப்புக்கு நாவலர் பெயர்பெற்றவர். 1868இல் சேனாவரையர் உரையோடு தாமோதரம்பிள்ளை வெளியிட்ட சொல்லதிகாரமும் நாவலர் பரிசோதித்ததே. ஆயின், நாவலர் பதிப்பித்த திருக்குறளும் நன்னூலும் பாடங்கேட்கும் மரபில் வாழ்ந்துகொண்டிருந்த நூல்கள். ஐயம் நேரின் கேட்டுத் தெளிவதற்கு ஆளிருந்தனர். பொருளதிகாரத்துக்கு அவ்வாய்ப்பு அரிது. நாவலரும் 1879இல் மறைந்துவிட்டார். வேறுபட்ட இவ்விரு நிலைமைகளுக்கும் ஒரே அளவுகோலைக் கொண்டு தீர்ப்பு வழங்குதல் திறனாய்வாகாது.

1885ஆம் ஆண்டுப் பதிப்பிற் பிழை இருந்ததா? இருந்தது; அதுவும் சிறு அச்சுப்பிழையன்று. பொருளதிகாரம் முழுவதற்கும் உள்ள உரை நச்சினார்க்கினியருடையது என்றே அது வெளிவந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் ‘செந்தமிழ்’ இதழில் ரா. இராகவையங்கார் இதனை ஆராய்ந்து, மெய்ப்பாட்டியல், உவமவியல், செய்யுளியல், மரபியல் ஆகிய இறுதி நான்கு இயல்களுக்கும் அதில் அச்சாகிய உரை பேராசிரியருடையது எனக் காட்டினார். பின்னர், புன்னாலைக்கட்டுவனைச் சேர்ந்த சி. கணேசையர் ஏடுகளையும் முன்னைப் பதிப்புகளையும் ஒப்பிட்டுத் திருத்தி, விளக்கக் குறிப்புகளும் எழுதினார். அவர் உழைப்பில், பின்னான்கியல்களும் பேராசிரியர் உரையும் 1943இல் ஈழகேசரி நா. பொன்னையாவின் வெளியீடாக வந்தன. முதற் பதிப்புக்கும் இதற்கும் இடையே 58 ஆண்டுகள். சிறுப்பிட்டியில் பிறந்தவர் விட்ட பிழையை இராமநாதபுரத்து அறிஞர் கண்டார். புன்னாலைக்கட்டுவனார் அவ்வழியே மேலும் சென்றார்.

இவ்வரலாறு நமக்குக் கூறுவது யாது? தாமோதரம்பிள்ளை பிழையை அஞ்சி அந்நூலை அச்சிடாது விட்டிருந்தால், இராகவையங்கார் திருத்துவதற்குப் பரவலாகக் கிடைத்த ஒரு பாடமே இருந்திராது. பேராசிரியரைப் பிரித்தறிவதற்கும் அவர் உரை முதலிற் பலர் கைக்கு வரவேண்டியிருந்தது. பெட்டிக்குள் இருந்த ஏட்டின் பிழை ஒருவர் வீட்டோடு முடிந்துவிடும்; அச்சேறிய பிழையோ கற்றார் அனைவரின் ஆய்வுக்கும் உரியதாகிறது. உ. வே. சாமிநாதையரும் 1887இல் வெளியிட்ட சீவக சிந்தாமணியை அத்தோடு விட்டுவிடவில்லை. 1907இலும் 1922இலும் அதனைத் திருத்தி மீண்டும் பதிப்பித்தார். அறிவென்பது தனிமனிதனின் சொத்தாகக் கொள்ளப்படும்போது பிழை அவனுக்கு மானக்கேடாகிறது. கூட்டு உழைப்பின் விளைவாகக் கொள்ளப்படும்போதோ அடுத்தவனுக்கு அது வேலையாகிறது.

இவ்வாறு கூறுவதால் கவனயீனத்துக்கு நாம் பரிந்துபேசுவதாக எவரும் கொள்ளலாகாது. கிடைத்த ஏடுகளை ஒப்புநோக்கி, அவை வந்த வழியைப் பதிப்புரையில் தெரிவித்து, தம்மால் இயன்றதனைத்தும் செய்த பின்னரே தாமோதரம்பிள்ளை நூலை வெளியிட்டார். உழைக்காது பிழை விடுபவன் பின்வருவோரின் காலத்தைத் திருடுகிறான். தன் ஆதாரங்களை மறைப்பவன் திருத்துவோரின் வழியை அடைக்கிறான். பிழைக்குரிய மன்னிப்பு இவ்விருவர்க்கும் இல்லை.

குற்றமின்மையின் பெயரால் ஒருசாராரை வாய்மூடச் செய்யும் முயற்சியும் நமது வரலாற்றில் உண்டு. 1960களின் முற்பகுதியில் ஈழத்தில் எழுந்த மரபுப் போராட்டத்தின்போது, உழைக்கும் மக்களின் பேச்சைக் கதைகளிற் கையாண்ட எழுத்தாளர் இலக்கண வழுவுக்காகக் கண்டிக்கப்பட்டனர். அம்மக்களின் மொழி ‘இழிசனர் வழக்கு’ என இகழப்பட்டது. அங்கே திருத்தும் நோக்கத்தைவிட விலக்கும் நோக்கமே மேலோங்கி நின்றது. இராகவையங்காரின் திருத்தம் ஒரு நூலுக்குள் மேலும் நுழைய வழிசெய்தது. மரபின் பெயரால் வந்த கண்டனமோ எழுதவந்தோரை வாயிலிலேயே நிறுத்த முயன்றது. எந்தத் திருத்தமும் இவ்விரண்டில் எதைச் செய்கிறது என்று கேட்டல் வேண்டும்.

இக்கேள்வி வகுப்பறைக்கும் உரியது. கற்றோர் குடும்பத்துப் பிள்ளையின் கட்டுரையை வீட்டில் ஒருவர் பார்த்துத் திருத்திவிடுவார். தோட்டத் தொழிலாளியின் பிள்ளைக்குப் பிழைவிட்டுக் கற்பதற்குள்ள இடம் பெரும்பாலும் பள்ளிக்கூடம் ஒன்றே. அப்பிள்ளையின் தாளை முழுவதும் சிவப்பு மையால் நிரப்பி எறிந்துவிட்டால் அந்த ஓரிடமும் அடைபட்டுவிடும். பிழையைச் சுட்டுங்கள், ஏன் பிழையென்று கூறுங்கள், திருத்தி எழுதிய இரண்டாம் தாளையும் வாங்கிப் படியுங்கள். 1885க்கும் 1943க்கும் இடையே நம் அறிஞர் செய்த வேலையும் இதுவே. பெட்டிக்குள் கையெழுத்துப் பிரதியைப் பூட்டிவைத்திருக்கும் ஆசிரிய நண்பர்களும் அதனை வெளியே எடுத்து நாலுபேர் கையிற் கொடுப்பார்களாக.